கே.எச்.சுக்குத் தமிழ்: 'கார்பனேட் கடினத்தன்மை'யா, 'கார இருப்பா'?

அன்புள்ள நண்பர்களுக்கு,

மீன்தொட்டிச் சொற்பட்டியலில் பி.எச்.சுக்குத் தமிழ் என்ன என்பதிலேயே இழை நீண்டுகொண்டு போகிறது. என்னைக் கேட்டால் அதை பி.எச். என்றே விட்டுவிடலாம். 1909-இல் சோரன்சன் கோபன்ஹேகனில் உருவாக்கிய குறியீடு. உலகம் முழுக்க அப்படியே வழங்குகிறது, பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும். 'காரகாடித்தன்மைச் சுட்டெண்' என்பதில் பொருட்குற்றம் இல்லை. ஆனால் சோதனைக் குழாயைக் கையில் பிடித்துக்கொண்டு அதை வாய்நிறையச் சொல்லும் ஆளை நான் இன்னும் பார்க்கவில்லை.

அவசரமாகச் சொல் வேண்டியிருப்பது கே.எச்.சுக்கு, அதாவது அமிலத்தை ஏற்றுப் பி.எச். விழாமல் காக்கும் பைகார்பனேட், கார்பனேட் நீரில் எவ்வளவு என்பதற்கு. அதன் அலகு பாகை. பி.எச். போன மாதம் 7.4, இப்போது 6.2, நிலையாக நிற்கவே மாட்டேன் என்கிறது என்று யார் வந்து புலம்பினாலும், முதலில் திருப்பிக் கேட்கவேண்டியது 'கே.எச். எவ்வளவு?' என்பதுதான். அதைத் தமிழில் கேட்க இப்போது மூன்று சொற்கள் புழங்குகின்றன. மூன்றிலும் எனக்குக் குறை உண்டு.

முதலாவது 'கார்பனேட் கடினத்தன்மை'. ஜெர்மன் சொல்லை அப்படியே பெயர்த்தது. கடினத்தன்மை என்றால் கால்சியமும் மெக்னீசியமும். கே.எச். சோதனை அவற்றை அளப்பதே இல்லை. அது அளப்பது பெரும்பாலும் பைகார்பனேட்டை. மென்னீராக்கும் கருவி வழியாக வந்த நீரை எடுத்துக்கொள்ளுங்கள். கால்சியம் போய்ச் சோடியம் வந்திருக்கும், சோப்பு நன்றாக நுரைக்கும், ஆனால் பைகார்பனேட் இருந்தபடியே இருக்கும். கடினத்தன்மையே இல்லாத நீருக்கு 'கார்பனேட் கடினத்தன்மை 8 பாகை' என்று எழுதவேண்டி வருகிறது. ஏட்டளவில் மட்டும் என்றால் பொறுத்துக்கொள்ளலாம். கே.எச். குறைவு என்பதைக் 'கடினத்தன்மை குறைவு' என்று புரிந்துகொண்டவர் ஜிப்சத்தையோ எப்சம் உப்பையோ கொண்டுவந்து போடுவார். ஜி.எச்., அதாவது கால்சியம், மெக்னீசியம் அளவு, ஏறும். கே.எச். நகராது. பி.எச். மறுபடியும் விழும்.

இரண்டாவது 'காரத்தன்மை'. நீர்ப் பரிசோதனை அறிக்கைகளில் உள்ள சொல் என்பதால் மரியாதை உண்டு. ஆனால் பி.எச். 7-க்கு மேல் இருப்பதையும் நாம் காரத்தன்மை என்றுதானே சொல்கிறோம்? கரியமில வாயு செலுத்தும் செடித்தொட்டி ஒன்றில் கே.எச். 4, பி.எச். 6.6 என்பது சாதாரணம். கரைந்திருக்கும் வாயு லிட்டருக்கு 30 மில்லிகிராம் அளவில் இருக்கும். 'அமிலத்தன்மையுள்ள இந்த நீரின் காரத்தன்மை 4 பாகை' என்று எழுதிப் பாருங்கள். புதிதாகத் தொட்டி வைத்தவர் அன்றைக்கே தொட்டியை விற்றுவிடுவார்.

மூன்றாவது 'தாங்கல் திறன்'. பாடநூலில் தாங்கல் கரைசல் இருப்பதால் வந்தது. நல்ல சொல்தான். ஆனால் பி.எச். ஓர் அலகு மாற எவ்வளவு அமிலமோ காரமோ வேண்டும் என்பதற்கு வேதியியலில் அந்தப் பெயரை ஏற்கெனவே கறாராக வைத்துவிட்டார்கள். கே.எச். அது அல்ல. அப்புறம், தாங்கல் என்றால் சிறு ஏரி என்றும் பொருள் உண்டு. 'தொட்டியின் தாங்கல் திறன்' என்றால் எத்தனை லிட்டர் பிடிக்கும் என்று கேட்பவரும் இருப்பார்.

நான் முன்வைப்பது 'கார இருப்பு'.

தொட்டிக்குள் நடப்பதைப் பார்த்தால் சொல் தானாக வந்து உட்காரும். மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவை ஃபில்டரில் வாழும் பாக்டீரியா நைட்ரேட்டாக மாற்றும்போது அமிலம் உண்டாகிறது. பைகார்பனேட் அந்த அமிலத்தை ஏற்றுக் கரியமில வாயுவாக மாறி வெளியேறிவிடுகிறது. பி.எச். லேசாக இறங்குவதோடு சரி. ஆனால் பைகார்பனேட் செலவாகிக்கொண்டே இருக்கிறது. கணக்கும் துல்லியமாகத் தெரியும்: அம்மோனியா வடிவில் உள்ள நைட்ரஜன் 1 மில்லிகிராம் மாறினால், கால்சியம் கார்பனேட்டாகக் கணக்கிட்டு ஏறக்குறைய 7.1 மில்லிகிராம் இருப்பு போகிறது. ஒரு பாகை என்பது லிட்டருக்கு 17.9 மில்லிகிராம். அதாவது தொட்டியில் நைட்ரேட் லிட்டருக்கு 11 மில்லிகிராம் ஏறியிருந்தால் கே.எச்.சில் ஒரு பாகை கரைந்திருக்கும். நைட்ரேட் 40 காட்டுகிற பழைய தொட்டியில், நீர் ஊற்றும்போது 4 பாகை இருந்திருந்தால், இப்போது கிட்டத்தட்ட வெறும் கை. வருகிற செலவுக்கு இருப்பிலிருந்து எடுத்துக் கொடுத்துக்கொண்டே இருக்கும் வீடு மாதிரிதான். இருப்பு உள்ளவரை வெளியே ஒன்றும் தெரியாது.

இந்தச் சொல்லுக்கு வினைகளும் தாமாகவே அமைகின்றன. கார இருப்பு குறைகிறது, தீர்கிறது, ஏற்றலாம், சரிபார்க்கலாம். 'கார்பனேட் கடினத்தன்மை தீர்ந்தது' என்று யாராவது சொல்வார்களா?

கூடவே இன்னும் இரண்டு சொற்கள் வேண்டும். செடி உள்ள தொட்டியில் பகலில் செடிகள் கரியமில வாயுவை எடுத்துக்கொள்ள பி.எச். ஏறும், இரவில் எல்லா உயிரும் மூச்சுவிட பி.எச். இறங்கும். இதைப் 'பி.எச். ஊசலாட்டம்' எனலாம். இதனால் கார இருப்பு மாறாது. இருப்பே தீர்ந்து பி.எச். தடாலென்று 6-க்குக் கீழே போவது வேறு சங்கதி. அதற்குப் 'பி.எச். சரிவு'. இழையில் 'வீழ்ச்சி' என்றும் வந்தது. சரிவு என்பதில் உள்ள திடீர்த்தன்மை அதில் எனக்குக் கிடைக்கவில்லை.

கருத்துச் சொல்லுங்கள்.

———

மறுமொழி

ஐயா, கடினத்தன்மை பற்றிச் சொன்னது சரி. மற்றதில் உடன்பாடில்லை.

காரத்தன்மை என்ற சொல் பாடநூலிலும் ஆய்வக அறிக்கையிலும் ஊன்றிவிட்டது. குழப்பம் இருக்கிறது என்று ஒவ்வொரு துறையும் தனிச்சொல் படைத்துக்கொண்டால், குடிநீர் அறிக்கையைப் படிக்கும் மீன் வளர்ப்பவர் தன் 'கார இருப்பு' அதில் எங்கே என்று தேடுவார். அதைவிட, 'மொத்தக் காரத்தன்மை' என்று முழுமையாகச் சொல்லிப் பழக்கலாமே?

இன்னொன்று. கார இருப்பு என்றால் காரம் இருக்கிறது என்றாகிறது. பைகார்பனேட்டைக் காரம் என்று யாரும் நினைப்பதில்லை. சமையலறைக் காரமும் குறுக்கே வரும் என்பதைச் சொல்லவே வேண்டாம். அது செய்யும் வேலையை வைத்துப் பெயரிடுவதென்றால் 'அமிலத் தாங்குதிறன்' இன்னும் தெளிவு. ஊசலாட்டம், சரிவு இரண்டுக்கும் என் ஒப்புதல் உண்டு.

———

மறுமொழி

இலங்கை வழக்கையும் கணக்கில் எடுங்கள். எங்கள் பாடநூல்களில் கடினநீர் 'வன்னீர்', கார்பனேட் 'காபனேற்று'. ஆகவே 'கார்பனேட் கடினத்தன்மை' எங்களுக்கு இரண்டு பாதியிலும் அந்நியம்; 'காபனேற்று வன்மை' உங்களுக்கு அந்நியம். காரமும் இருப்பும் இரு பக்கமும் ஒன்றுதான். அந்த ஒரு காரணத்துக்காகவே என் வாக்கு கார இருப்புக்கு.

ஒரு கேள்வி. ஆர்.ஓ. நீரை (கரைந்த உப்புகளை வடிகட்டி நீக்கிய நீரை) மட்டும் ஊற்றுகிறவர்களுக்கு இருப்பு தொடக்கத்திலேயே பூச்சியத்துக்குப் பக்கம். அதற்கும் தனிச்சொல் வேண்டுமா?

———

மறுமொழி

ஆர்.ஓ. நீருக்குத் தனிச்சொல் வேண்டாம். 'இருப்பற்ற நீர்' என்றாலே விளங்கிவிடும்.

'அமிலத் தாங்குதிறன்' எனக்கும் முதலில் தோன்றியதுதான். ஆனால் மீன்தொட்டிப் பேச்சில் தாங்குவது என்றவுடன் மீன் வந்து நிற்கிறது. 'நியான் டெட்ராவின் அமிலத் தாங்குதிறன் அதிகம்' என்று ஒருவர் எழுதினால் அது மீனைப் பற்றிய வாக்கியம், அதுவும் சரியான வாக்கியம். அமிலத்தன்மையுள்ள கரும்பழுப்பு நீரோடைகளில் வாழும் மீன் அது. ஒரே பத்தியில் மீனுக்கும் நீருக்கும் ஒரே சொல்லைக் கொடுத்தால் மறுபடியும் குழப்பத்தில்தான் முடியும்.

மிளகாய்க் காரம் நூறாண்டாக வேதியியலோடு சண்டை போட்டுக்கொண்டுதான் இருக்கிறது. இந்தச் சொல்லால் புதிதாக எதுவும் கெடப்போவதில்லை.

பைகார்பனேட்டைக் காரமாக நினைப்பதில்லை என்பதில் எனக்கு ஐயம். நெஞ்செரிச்சலுக்குச் சமையல் சோடா கலந்து குடிப்பவர் எதை நம்பிக் குடிக்கிறார்? பெயரளவில் இல்லாவிட்டாலும் வேலையளவில் எல்லாருக்கும் தெரிந்த சங்கதிதான். நம் பழைய சொல்லான 'கரியமில வாயு'வும் இப்படித்தான்: நீரில் கரைந்தால் அமிலமாகும் என்று பெயரிலேயே வைத்திருக்கிறது. ஊசலாட்டத்தை விளக்க 'கார்பன் டை ஆக்சைடு' என்று எழுதினால் அந்த வசதி போய்விடும். பட்டியலில் கரியமில வாயுவையே வைக்கலாம் என்பேன்.

அறிக்கைச் சொல்லோடு ஒட்டாமல் போகும் என்ற கவலை மட்டும் நியாயமானது. அதற்குச் சொற்பட்டியல் பதிவிலேயே வழி செய்துவிடலாம்: 'ஆய்வக அறிக்கைகளில் மொத்தக் காரத்தன்மை என்று வருவது, அந்த எண்ணை 17.9-ஆல் வகுத்தால் பாகை' என்று ஒரு வரி. லிட்டருக்கு 90 மில்லிகிராம் என்று அறிக்கை சொன்னால் கார இருப்பு 5 பாகை. முடிந்தது.

சரிவையும் ஊசலாட்டத்தையும் ஏற்றதற்கு நன்றி. இந்த இரண்டையும் பிரித்துவைப்பதில் மீனின் உயிரே அடங்கியிருக்கிறது. ஊசலாட்டத்தைச் சரிவு என்று நினைத்தவர் காலையில் பார்த்த எண்ணுக்கு மருந்து ஊற்றுவார், மாலையில் அது எதிர்ப்பக்கம் போயிருக்கும். உண்மையான சரிவில் ஆபத்து வேறு மாதிரி. பி.எச். 6.5-க்குக் கீழே ஃபில்டர் பாக்டீரியா சோர்ந்து, 6-ஐ நெருங்கும்போது ஏறக்குறைய வேலையை நிறுத்திவிடும். அம்மோனியா சேர ஆரம்பிக்கும். ஆனால் அந்த அமில நீரில் அது பெரும்பாலும் நஞ்சு குறைந்த அம்மோனிய அயனியாக இருப்பதால் மீன் நீந்திக்கொண்டுதான் இருக்கும். பதறிப்போய்ப் பாதித் தொட்டியைக் காலி செய்து பி.எச். 8 உள்ள நீரை ஊற்றினால் அந்த அயனி நஞ்சாக மாறும். 25 பாகை வெப்பத்தில் பி.எச். 7-இல் மொத்த அம்மோனியாவில் நூற்றுக்கு ஒரு பங்குகூட நஞ்சு வடிவில் இல்லை. 8-இல் ஐந்து பங்குக்கு மேல். சரிவில் தப்பிய மீன் வைத்தியத்தில் சாவது இப்படித்தான்.

ஆகவே 'சரிவு' பதிவில் சிறிது சிறிதாக நீர் மாற்றுவது பற்றியும், அமிலத் துளி, காரத் துளி என்று புட்டியில் வருவதை ஊற்றி எண்ணைத் துரத்தவேண்டாம் என்பதையும் சேர்க்கவேண்டும். அகராதியில் வைத்தியம் எதற்கு என்று கேட்பீர்கள். தேடி வருபவர் அதற்காகத்தான் வருகிறார்.

சோதனை முறையையும் பதிவில் சேர்த்தால் சொல் மனத்தில் தங்கும் என்று நினைக்கிறேன். 5 மில்லி தொட்டி நீரில் கே.எச். சோதனை மருந்தைச் சொட்டு சொட்டாக விட்டுக் குலுக்கவேண்டும். முதல் சொட்டிலேயே நீலம் வரும். ஒவ்வொரு சொட்டாக எண்ணிக்கொண்டே போனால் ஒரு சொட்டில் நீலம் சட்டென்று மஞ்சளாகும். அதுவரை விட்ட சொட்டுகளின் எண்ணிக்கைதான் பாகை. நாம் அமிலத்தை விட்டுக்கொண்டே போகிறோம், இருப்பு தாங்கிக்கொண்டே வருகிறது, தீர்ந்ததும் நிறம் மாறுகிறது. தொட்டியில் மாதக்கணக்கில் நடப்பதைக் குழாய்க்குள் ஒரு நிமிடத்தில் பார்த்துவிடலாம். இருப்பு குறைவான நீருக்கு 10 மில்லி எடுத்துக்கொண்டு ஒரு சொட்டை அரைப் பாகையாக எண்ணுவது நல்லது. முதல் சொட்டிலேயே மஞ்சள் என்றால் தொட்டி சரிவின் விளிம்பில் இருக்கிறது.

வரைவைக் கீழே தருகிறேன், திருத்துங்கள்.

கார இருப்பு: நீரில் சேரும் அமிலத்தை ஏற்றுப் பி.எச். விழாமல் காக்கும் பைகார்பனேட், கார்பனேட் ஆகியவற்றின் அளவு. அலகு பாகை. கால்சியம், மெக்னீசியம் அளவைக் குறிக்காது. நீர் மாற்றுவதாலும், நொறுக்கிய பவளமோ கிளிஞ்சலோ ஃபில்டரில் வைப்பதாலும் ஏறும். சமையல் சோடா 100 லிட்டருக்கு 3 கிராம் கரைத்து ஊற்றினால் ஏறக்குறைய ஒரு பாகை ஏறும்; ஒரு நாளில் அதற்கு மேல் ஏற்றவேண்டாம். சலவை சோடா கூடாது, அது பி.எச்.சைச் சட்டென்று தூக்கிவிடும். பீட், ஊறவைத்த மரக்கட்டை, வாதுமை இலை ஆகியவை கார இருப்பை மெல்லக் குறைக்கும்.

'கார்பனேட் கடினத்தன்மை' என்று தேடி வருபவர்களுக்காக அந்தப் பெயரை 'காண்க: கார இருப்பு' என்று மட்டும் வைக்கலாம். கே.எச். இந்தப் பக்கம் வந்துவிட்டதால் ஜி.எச்.சுக்குப் 'பொதுக் கடினத்தன்மை' என்று முன்னொட்டுப் போட வேண்டிய தேவையும் இல்லை. வெறும் கடினத்தன்மை போதும், இலங்கை நண்பர்கள் வன்மை என்று எழுதட்டும்.