குரோஷா கம்மல் தட்டையாக வராமல் கிண்ணம் மாதிரி குவிகிறது, எங்கே தப்பு செய்கிறேன்?

அம்மாபேட்டைப் பின்னல்:

எல்லோருக்கும் வணக்கம். சேலம் அம்மாபேட்டையில் இருக்கிறேன், முனை வளைந்த ஒற்றை ஊசியால் பின்னும் குரோஷாவை ஆரம்பித்து மூன்று வாரம் ஆகிறது. கோட்டை மாரியம்மன் ஆடித் திருவிழாவுக்கு அக்கா மகள்கள் மூன்று பேரும் ஒரே மாதிரி கம்மல் போட வேண்டும், அதுவும் என் கையால் பின்னியதாக இருக்க வேண்டும் என்று ஆசை. சின்னதாக ஒரு வட்டம், ஓரத்தில் நாலைந்து மணி, அவ்வளவுதான், பெரிய வேலைப்பாடு எதுவும் வேண்டாம்.

என் அத்தை ஏற்காட்டில் எஸ்டேட்டில் இருந்த காலத்தில் எழுதி வைத்த ஒரு நோட்டு என்னிடம் இருக்கிறது, அதைப் பார்த்துத்தான் பின்னுகிறேன். அதில் "4 சங்கிலி போட்டு வளையமாக்கு, வளையத்துக்குள் 6 டபுள், அடுத்த சுற்றில் ஒவ்வொன்றிலும் 2" என்று இருக்கிறது. டபுள் எப்படிப் போடுவது என்று யூடியூப்பில் பார்த்துக் கற்றுக்கொண்டேன். எண்ணிக்கை சரியாக 12 வருகிறது, நான்கு முறை எண்ணிப் பார்த்துவிட்டேன். ஆனாலும் வட்டம் தரையில் படுக்காமல் பணியாரக் குழி மாதிரி குவிகிறது, கையால் அழுத்தினால் ஒரு நிமிடம் இருந்துவிட்டு மறுபடி எழுந்துகொள்கிறது.

இன்னொரு தொல்லை, நூல் பிரிகிறது. கடைவீதியில் எம்பிராய்டரி லச்சி வாங்கினேன், ஊசி 1.25 மில்லிமீட்டர். ஊசி முனை நூலின் நடுவிலேயே குத்தி இரண்டு இழையை மட்டும் இழுத்துக்கொண்டு வருகிறது. ஒரு ஜோடியில் ஒன்று பெரிதாகவும் ஒன்று சிறிதாகவும் வேறு வருகிறது. எட்டு வட்டம் பின்னி எட்டையும் பிரித்துவிட்டேன். அத்தை இப்போது இல்லை, இருந்திருந்தால் மலையேறிப் போய்க் கேட்டிருப்பேன். தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

குகைத்தெரு:

முதலில் அந்த லச்சியை எடுத்து ஓரமாக வையுங்கள் சகோதரி. லச்சி என்பது 8 மீட்டர் நூல், 6 இழைகளை முறுக்காமல் பக்கத்தில் பக்கத்தில் சேர்த்தது, பிரித்துத் தைப்பதற்காகவே அப்படிச் செய்கிறார்கள், அதனால் குரோஷா ஊசிக்கு அது பிரிந்துதான் போகும். உங்கள் கையில் குறை இல்லை. பின்னல் நூல் என்று உருண்டையாக விற்கும், நன்றாக முறுக்கியது, மினுமினுப்பாக இருக்கும். அதில் எண் கூடக் கூட நூல் மெலிதாகும் என்பதை நினைவில் வையுங்கள், 10ஐ விட 20 மெலிது, 20ஐ விட 40 மெலிது. கடையில் "நைசா வேணுமா" என்று கேட்டு 40ஐ நீட்டினால் வாங்காதீர்கள். உங்களுக்கு இப்போது 10 போதும். நான் கற்றபோது அதைவிடத் தடிமனான பருத்தி நூலில் 2 மில்லிமீட்டர் ஊசியால் ஒரு வாரம் வெறும் சங்கிலி மட்டும் போட்டேன், அந்த ஒரு வாரம்தான் இன்றைக்கும் கை கொடுக்கிறது.

நிறமும் முக்கியம். கறுப்பு, அரக்கு, கருநீலம் எல்லாம் ஆரம்பத்தில் வேண்டாம், கண்ணி, அதாவது ஊசி நுழைய வேண்டிய நூல் வளையம், எங்கே இருக்கிறது என்றே தெரியாது. சந்தன நிறமோ இளமஞ்சளோ எடுங்கள்.

ஜோடி வேறுபடுவதற்குக் காரணம் இழுப்பு. இன்று ஒன்று நாளை ஒன்று என்று பின்னினால் கண்டிப்பாக வித்தியாசம் வரும். ஒன்றை முடித்து நூலை அறுத்த கையோடு அடுத்ததைத் தொடங்குங்கள், இடையில் குக்கர் விசில் அடித்தால் தவிர எழுந்திருக்காதீர்கள். ஒவ்வொரு சுற்றிலும் முதல் கண்ணியில் ஒரு சின்ன ஊக்கு மாட்டிவிட்டால் சுற்று எங்கே தொடங்கியது என்று தேட வேண்டாம், ஒரு கண்ணி கூடிப்போகவும் செய்யாது.

குவிவதற்கு மட்டும் எனக்குக் காரணம் புரியவில்லை. 6, 12 என்று போனால் குவியக் கூடாது. இறுக்கிப் பின்னுகிறீர்களோ?

மலைக்காப்பி:

இறுக்கம் இல்லை கண்ணு. அத்தை ஏற்காட்டில் இருந்தபோது எழுதிய நோட்டு என்று படித்ததுமே எனக்குப் புரிந்துவிட்டது. நானும் அங்கேதான் பள்ளிக்கூடத்தில் கைவேலை வகுப்பில் ஒரு வெள்ளைக்கார சிஸ்டரிடம் கற்றேன், 1970களில். எங்களுக்குச் சொல்லிக் கொடுத்த பெயர்கள் எல்லாம் பிரிட்டிஷ் பெயர்கள். நீ யூடியூப்பில் பார்த்தது பெரும்பாலும் அமெரிக்கப் பெயராக இருக்கும். இரண்டு பேரும் "டபுள்" என்கிறார்கள், ஆனால் தையல் வேறு!

பிரிட்டிஷ் டபுள் என்பது அமெரிக்கர்களுடைய சிங்கிள். அமெரிக்க டபுளைப் பிரிட்டிஷ் முறையில் டிரெபிள் என்பார்கள். எப்படிக் கண்டுபிடிப்பது? ஊசியைக் கண்ணிக்குள் விடுவதற்கு முன்னால் நூலை ஊசியில் ஒரு சுற்றுச் சுற்றிக்கொள்கிறாயா என்று பார். சுற்றிக்கொண்டு உள்ளே விட்டு நூலை இழுத்தால் ஊசியில் மூன்று கண்ணி நிற்கும், இரண்டிரண்டாக இரண்டு தடவை இழுப்பாய், அது உயரமான தையல். சுற்றாமல் நேராக விட்டு நூலை இழுத்தால் இரண்டு கண்ணிதான் நிற்கும், ஒரே இழுப்பில் முடியும், அது குள்ளத் தையல். அத்தை எழுதியது குள்ளத் தையலை. நீ போடுவது உயரத்தை.

இப்போது கணக்கைப் பார். தையல் உயரமானால் வட்டத்தின் சுற்றளவு சீக்கிரம் பெரிதாகும், அதை நிரப்ப நிறையக் கண்ணி வேண்டும். உயரத் தையல் என்றால் முதல் சுற்றில் 12, அடுத்து 24, அப்புறம் 36. நீ 6 போட்டுவிட்டு 12க்குப் போனதால் ஓரம் போதாமல் உள்ளே இழுத்துக் குவிந்துவிட்டது. குள்ளத் தையலில் 6, 12, 18, 24 என்று சுற்றுக்கு ஆறு ஆறாகக் கூட்டினால் தோசை மாதிரி படுக்கும். மூன்றாவது சுற்றில் ஒன்றில் 2, அடுத்ததில் 1 என்று மாற்றி மாற்றி, நான்காவதில் ஒன்றில் 2, அடுத்த இரண்டில் ஒவ்வொன்று. ஆறுக்கு மேல் கூட்டினால் ஓரம் பாவாடைக் கொசுவம் மாதிரி அலையும். நான்கைந்து சுற்று போனால் 10ஆம் எண் நூலில் ஏறக்குறைய ஒரு ரூபாய் நாணய அளவுக்கு வரும், கம்மலுக்கு அது தாராளம்.

இன்னொன்று கேள், குவிந்ததைப் பிரித்து எறியாதே. ஜிமிக்கி அப்படித்தான் பிறக்கிறது. 6, 12, 18 வரை கூட்டு, அதற்கு மேல் கூட்டாமல் 18, 18 என்று இரண்டு சுற்று போ, ஓரம் தானாகக் கீழே மடங்கிக் குடை விரியும். கடைசிச் சுற்றில் ஒரு கண்ணி விட்டு ஒரு கண்ணிக்கு ஒரு மணி. அப்படியானால் 9 மணி. அந்த ஒன்பதையும் ஊசியைத் தொடுவதற்கு முன்னாலேயே நூலில் கோத்துக் கீழே தள்ளி வைத்துவிட வேண்டும், பாதியில் ஞாபகம் வந்தால் நூலை அறுக்க வேண்டியதுதான். மணி தையலின் பின்பக்கம்தான் போய் உட்காரும், ஜிமிக்கியில் அது உள்பக்கம். பயப்படாதே, முடித்ததும் சட்டைக் கையைப் புரட்டுவது போல உள்ளே வெளியே புரட்டிவிடு, மணியெல்லாம் வெளியே வந்துவிடும்.

எங்கள் சிஸ்டர் அயர்லாந்துக்காரர். 1845இலிருந்து அவர்கள் நாட்டில் உருளைக்கிழங்குப் பயிர் அழுகிப் பெரும் பஞ்சம் வந்தபோது, கன்னியாஸ்திரி மடங்களில் பெண்களுக்கு இந்தப் பின்னலைக் கற்றுக்கொடுத்தார்களாம், அதை விற்ற காசில் வீடுகளில் அடுப்பு எரிந்தது என்று சொல்வார். இதழ் மேல் இதழாக எழும்பும் ரோஜா அவர்களுடைய பின்னல். அதை நீ டாலராகச் செய்து கழுத்தில் போடலாம், ஆனால் முதலில் வட்டம் படுக்கட்டும்.

கொலுசுப் பட்டறை:

எனக்குப் பின்னத் தெரியாது, செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசு வேலை பார்க்கிறோம், வீட்டில் மனைவி பின்னுவார். காதில் மாட்டும் கொக்கியைப் பற்றி யாரும் பேசவில்லையே என்று எழுதுகிறேன்.

ஃபேன்சி கடையில் பாக்கெட்டில் வரும் மலிவான கொக்கிகளில் பலவற்றில் நிக்கல் கலந்திருக்கும், சில பேருக்குக் காது சிவந்து அரித்துத் தண்ணீர் கோக்கும். சின்னப் பிள்ளைகளுக்கு என்கிறீர்கள், அதனால் அதை வாங்காதீர்கள். வெள்ளிக் கொக்கியே போடுங்கள், மூன்று ஜோடிக்கு ஆகும் எடை கொஞ்சம்தான். எங்கள் பக்கமோ பனங்காடு, சிவதாபுரம் பக்கமோ போனால் வீட்டுக்கு வீடு பட்டறை, கம்பி வளைத்துக் கொடுங்கள் என்று கேட்டால் செய்து கொடுப்பார்கள், எடைக்குக் காசு. மணிக்குப் பதில் கொலுசில் தொங்கும் குட்டிச் சலங்கை நாலு வாங்கிக் கோத்துப் பாருங்கள், மனைவி அப்படிச் செய்ததில் பிள்ளை தலையை ஆட்டும்போதெல்லாம் சத்தம் கேட்கிறது. நூலில் பின்னியது எடையே இருக்காது, காது ஓட்டை இழுத்துப்போன எங்கள் அம்மா கூட அதைத்தான் கேட்டு வாங்கிப் போடுகிறார்.

பின்னலையும் கொக்கியையும் இணைக்கும் வளையத்தைத் திறக்கும்போது இரண்டு முனையையும் விலக்கி இழுக்கக் கூடாது, உருவம் கெட்டு மறுபடி சேராது, அந்தச் சந்து வழியாக நூல் நழுவிவிடும். இரண்டு குறடு வைத்து ஒரு முனையை முன்னாலும் ஒரு முனையைப் பின்னாலும் திருப்புங்கள், மாட்டிவிட்டு அதே மாதிரி திருப்பி மூடுங்கள். வெள்ளி கறுத்தால் கவலை வேண்டாம், மெல்லிய துணியால் தேய்த்தால் போய்விடும்.

அம்மாபேட்டைப் பின்னல்:

மலைக்காப்பி அம்மா, நீங்கள் சொன்னதைப் படித்துவிட்டு நோட்டை மறுபடி எடுத்துப் பார்த்தேன். பின் அட்டையில் அத்தை "டி = டிரெபிள், நூல் 1 சுற்று" என்று பென்சிலில் எழுதியிருக்கிறார், இத்தனை நாள் அது என் கண்ணிலேயே படவில்லை. நூலைச் சுற்றுவது டிரெபிள் என்றால், அத்தை டபுள் என்றது நீங்கள் சொன்ன குள்ளத் தையல்தான். ராத்திரி பத்தரை மணிக்கு உட்கார்ந்து குள்ளத் தையலில் 6, 12, 18, 24 போட்டேன். மேஜையில் வைத்தேன். படுத்தது! அப்படியே சும்மா பார்த்துக்கொண்டே இருந்தேன்.

கொலுசுப் பட்டறை அண்ணா, சலங்கை யோசனை எனக்கு ரொம்பப் பிடித்துவிட்டது, இந்த ஞாயிறு அந்தப் பக்கம் வருகிறேன்.

இன்னும் ஒரே ஒரு சந்தேகம். காதில் தொங்கவிட்டால் துவண்டு போகிறது. விறைப்பாக்குவது எப்படி? ஹேர் ஸ்பிரே அடிக்கச் சொல்கிறார்கள், காதுக்குப் பக்கத்தில் அதை வைக்க எனக்கு மனசில்லை.

குகைத்தெரு:

சேலத்தில் இருந்துகொண்டு இதைக் கேட்கலாமா! ஜவ்வரிசிக் கஞ்சி போடுங்கள். 2023இல் புவிசார் குறியீடு வாங்கிய ஊர் ஜவ்வரிசி, மரவள்ளி மாவுதானே, பருத்திக்கு அதைவிட நல்ல கஞ்சி கிடையாது. இரண்டு ஸ்பூன் ஜவ்வரிசியை ஊற வைத்து ஒரு டம்ளர் தண்ணீரில் கண்ணாடி மாதிரி ஆகும்வரை காய்ச்சி, துணியில் வடிகட்டுங்கள், கட்டி இருந்தால் காய்ந்தபின் வெள்ளை வெள்ளையாகத் தெரியும். வெதுவெதுப்பாக இருக்கும்போதே பின்னலை முக்கி, பிழிந்து, தட்டைக் கம்மலை பிளாஸ்டிக் தாள் மேல் விரித்து விரலால் வட்டத்தைச் சரிசெய்யுங்கள். ஜிமிக்கி என்றால் ஒரு கோலிக்குண்டின் மேல் கவிழ்த்து வையுங்கள். ஃபேன் காற்றில் ஒரு ராத்திரி போதும். கொக்கி மாட்டுவது எல்லாம் காய்ந்த பிறகுதான்.

சிவப்பு நூல் வாங்கினால் முதலில் ஒரு துண்டை நனைத்து வெள்ளைத் துணியில் அழுத்திப் பாருங்கள். சாயம் விட்டால் கஞ்சியில் போட்டதும் பக்கத்தில் இருக்கும் சந்தன நிறமும் போச்சு. எனக்கு ஒரு மாலையே அப்படிக் கெட்டது.

மலைக்காப்பி:

கீழே சேலத்தில் கஞ்சி சரி. இங்கே மேலே சரிப்படாது, நான் போட்டுப் பார்த்துவிட்டேன். மழைக்காலத்தில் பனிமூட்டம் ஜன்னல் வழியாக வீட்டுக்குள்ளேயே வந்துவிடும், கஞ்சி ஈரத்தை இழுத்துத் தளர்ந்து, பத்தே நாளில் பூஞ்சை. கஞ்சி வாசத்துக்கு ராமபாணப் பூச்சியும் வரும். நான் ஃபெவிகாலும் தண்ணீரும் சரிபாதி கலந்து தூரிகையால் பின்பக்கம் மட்டும் தடவுகிறேன். தடவும்போது வெள்ளையாகத் தெரியும், காய்ந்தால் நிறம் தெரியாது. ஆனால் கையில் தொட்டால் கொஞ்சம் பிளாஸ்டிக் மாதிரி இருக்கும், கஞ்சி போட்ட பருத்தியின் மென்மை அதில் வராது. பிள்ளைகள் திருவிழாவுக்குப் போட்டுவிட்டுத் துவைத்து வைப்பதற்குக் கஞ்சிதான் நல்லது, அடுத்த தடவை மறுபடி போட்டுக்கொள். காய வைக்கும்போது குண்டூசி குத்தினால் துருப்பிடிக்காததாகப் பார்த்துக் குத்து, ஈரத்தில் துருக்கறை ஏறினால் போகவே போகாது.

அத்தை நோட்டில் வேறு என்னவெல்லாம் இருக்கிறது என்று படம் எடுத்துப் போடு கண்ணு. அந்தக் காலத்துக் கையெழுத்தைப் பார்க்க வேண்டும் போல இருக்கிறது.

அம்மாபேட்டைப் பின்னல்:

போடுகிறேன் அம்மா. மொத்தம் 31 பக்கம், பாதிக்கு மேல் மேஜை விரிப்பு, ஒரு பக்கத்தில் மட்டும் ஒரு ரோஜா வரைந்து ஆறு இதழுக்கும் எண் போட்டிருக்கிறார், நீங்கள் சொன்ன அயர்லாந்து ரோஜாவாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன்.

முதல் ஜோடி காய்ந்துவிட்டது. இளமஞ்சள், ஓரத்தில் காதுக்கு மூன்று சலங்கை. ஒன்றின் மேல் ஒன்றை வைத்துப் பார்த்தேன், ஒரு நூல் அளவுதான் வித்தியாசம். பெரியவள் இப்போதே காதில் மாட்டிக்கொண்டு கழற்ற மாட்டேன் என்கிறாள். இன்னும் இரண்டு ஜோடி பின்ன வேண்டும், 20ஆம் எண் நூலுக்குப் போகாமல் 10இலேயே முடித்துவிடுகிறேன்.