டிரைவர் நிறுவாமலே யூஎஸ்பி அடாப்டர் இயங்குவது எப்படி?

கேள்வி:
எஃப்டி232 சில்லு உள்ள யூஎஸ்பி-சீரியல் அடாப்டரை லினக்ஸ் கணினியில் செருகியதும் சீரியல் போர்ட் தானாகவே வந்துவிட்டது. ஏற்றப்பட்ட மாட்யூல்களை (கெர்னலில் தேவைப்படும்போது சேரும் டிரைவர் போன்ற நிரல்களை) காட்டும் எல்எஸ்மாட் கட்டளையின் பட்டியலில் எஃப்டிடிஐ_எஸ்ஐஓ மாட்யூலும் ஏறியிருந்தது. இத்தனை மாட்யூல்களுக்குள் இதைத்தான் ஏற்ற வேண்டும் என்று தீர்மானிப்பது யார்? லினக்ஸின் மையப்பகுதியான கெர்னல் சில்லைச் சோதித்து அடையாளம் காண்கிறதா?

பதில் 1:
சோதிப்பதில்லை, சாதனம் தன்னைப் பற்றிச் சொல்வதை அப்படியே ஏற்றுக்கொள்கிறது. செருகியவுடன் கெர்னல் அதற்கு ஒரு முகவரி கொடுத்து, 18 பைட் நீளமுள்ள சாதன விவரத்தைப் படிக்கும். அதில் தயாரிப்பாளர் எண் 0403 என்றும் தயாரிப்பு எண் 6001 என்றும் இருக்கும். இவற்றையும், சாதனம் எந்த வகையைச் சேர்ந்தது என்று காட்டும் வகை எண்களையும் ஒரே சரமாகக் கோத்து, சாதனங்களைக் கவனித்துக்கொள்ளும் யூடெவ் என்ற நிரலுக்குத் தெரிவிக்கும். டிரைவர்களின் மூலநிரலில் உள்ள எண் பட்டியல்களை டெப்மாட் என்ற கட்டளை முன்கூட்டியே ஒரு கோப்பில் தொகுத்து வைத்திருக்கிறது. யூடெவ் அந்தக் கோப்பில் பொருந்தும் வரியைப் பார்த்து மாட்யூலை ஏற்றுகிறது.

ஏறிய மாட்யூல் தன்னைப் பதிவு செய்துகொண்ட பின் கெர்னல் எண்களை மறுபடி ஒப்பிட்டு, சாதனத்தை ஏற்கலாமா என்று பார்க்கும், டிரைவரின் ப்ரோப் செயற்கூற்றை அழைக்கும். அது சம்மதித்தால்தான் சாதனம் அந்த டிரைவரின் கைக்குப் போகும். ஆகவே எல்எஸ்மாட்டில் பெயர் இருப்பதை மட்டும் வைத்து எந்த முடிவுக்கும் வராதீர்கள். பென் டிரைவுகளுக்கு 08 என்ற வகை எண்ணே போதும் என்பதால், எந்த நிறுவனத்துடையதும் இயங்கிவிடும்.

பதில் 2:
எண்ணை நம்பியே எல்லாம் நடக்கிறது என்பதற்கு 2014 அக்டோபரில் நடந்ததே சான்று. எஃப்டி232 சில்லைத் தயாரிக்கும் எஃப்டிடிஐ நிறுவனம் வெளியிட்ட விண்டோஸ் டிரைவர், போலிச் சில்லுகளின் தயாரிப்பு எண்ணை 0000 என்று மாற்றி எழுதியது. சில்லு பழுதாகவில்லை, ஆனால் அந்த எண்ணுக்கு உரிய டிரைவர் இல்லாததால் விண்டோஸ் அதைக் கைவிட்டது. கடும் எதிர்ப்பு எழுந்து அந்தப் பதிப்பு திரும்பப் பெறப்பட்டது. லினக்ஸ் டிரைவரின் பட்டியலிலோ 0000 என்ற எண்ணும் சேர்க்கப்பட்டது. விவரம் அறியாமல் போலியை வாங்கிய பயனரைத் தண்டித்தது நியாயமல்ல என்பதே என் கருத்து.

கேட்டவர்:
மிக்க நன்றி. அப்படியானால், பட்டியலிலேயே இல்லாத எண் கொண்ட அடாப்டரை, அதே சில்லுதான் என்று எனக்கு உறுதியாகத் தெரிந்தால், இயக்க முடியுமா?

பதில் 1:
முடியும். முதலில் மோட்ப்ரோப் கட்டளையால் மாட்யூலை ஏற்றுங்கள். பிறகு சிஸ்எஃப்எஸ்ஸில் (கெர்னலின் அமைப்புகளைக் கோப்புகளாகக் காட்டும் /sys அடைவில்) யூஎஸ்பி-சீரியல் பிரிவின் கீழ் அந்த டிரைவருக்கு உள்ள நியூ_ஐடி கோப்பில் தயாரிப்பாளர் எண், தயாரிப்பு எண் இரண்டையும் எழுதுங்கள். கணினியை மறுபடி தொடங்கினால் இது அழிந்துவிடும். நிலைத்திருக்க வேண்டுமானால் இதே வேலையைச் செய்யும் யூடெவ் விதி ஒன்றை எழுதி வையுங்கள்.