ஈர டேபிளில் பழகின கை கொழும்பு ஹோலில் ஏன் தடுமாறுது?

ஹட்டன்_கியூ:
ஹட்டன்ல ஏழு அடி பூல் டேபிள்ல எய்ட்-போல் (பூல்ல ஒரு வகை ஆட்டம்) ஆடுற 19 வயசுத் தம்பி ஒருத்தனுக்காகக் கேட்கிறேன். ஆட்டத்தையே தொழிலா வச்சுக்கணும்னு ஒத்தக் கால்ல நிக்கிறான். கொழும்புல ஏசி ஹோல், 9 அடி டேபிள்னா, இங்க கண்ணை மூடிட்டுப் போடுற கட் ஷொட்கூட (போலைச் சாய்வா வெட்டிப் போடுற அடி) பொக்கட் வாயில தட்டிட்டு வெளிய வருது. கியூ போல் (கோலால அடிக்கிற வெள்ளைப் போல்) நினைச்ச இடத்தைத் தாண்டி ஓடிடுது. கியூவை, அதாவது கோலை, மாத்தணுமா? இந்தத் தொழில்ல சோறு கிடைக்குமா?

மிஸ்ட்_ரேக்:
கியூ மேல பழி போடாதீங்க அண்ணே. மலைநாட்டுல மிஸ்ட் இறங்கினா டேபிள் துணி ஈரத்தைக் குடிச்சிடும். போல் சீக்கிரம் நிக்கும், குஷன்ல (டேபிள் ஓர ரப்பர்) பட்டுத் திரும்புற கோணமும் குறுகும். சோக்கட்டித் தூள் படிஞ்ச போல் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிப் பிடிக்கிறதால, கட் பண்ணும்போது அடிபட்ட போலைக் கொஞ்சம் முன்னால இழுத்துட்டுப் போகும். இதைத்தான் த்ரோன்னு சொல்றது. தம்பி கை அதுக்கு ஈடுகட்ட, தன்னை அறியாம மெல்லிசா வெட்டிப் பழகியிருக்கும். காய்ஞ்ச துணி, கழுவின போல்ல த்ரோ குறைவு. அதே வெட்டு அங்க ஓவர்கட், அதாவது தேவைக்கு மேல வெட்டினதா ஆகிடும்.

பொக்கட்டும் ஒரு காரணம். டபிள்யூ.பி.ஏ. (உலகப் பூல் சங்கம்) அளவுல மூலைப் பொக்கட் வாய் 4.5 – 4.625 அங்குலம். போல் ஒண்ணு 2.25 அங்குலம். அதாவது ரெண்டு போலை வாயில பக்கத்துல பக்கத்துல வச்சா அநேகமா அடைச்சுக்கும். உங்க டேபிள்ல வச்சுப் பாருங்க. நடுவுல விரல் நுழைஞ்சா, அங்க விழுற பாதி ஷொட் போட்டியில விழாது.

டேபிளை அளக்க ஒரு வழி: ஒரு அடி அலுமினிய ஆங்கிளை வி வடிவத்துல வச்சு, ஒரு முனைக்கு அடியில 2 சென்டிமீட்டர் கட்டை கொடுங்க. மேல இருந்து தள்ளாம போலை விட்டு, எவ்வளவு தூரம் உருளுதுன்னு அளங்க. எதிர் குஷன்ல தட்டினா கட்டையைக் குறைங்க. அப்புறம் எதிர்ப்பக்கம் இருந்தும் விட்டுப் பாருங்க. ரெண்டு தூரமும் வித்தியாசமா இருந்தா டேபிள் சரிவு, அது ஈரத்தோட குற்றம் இல்ல. மழை நாள், வெயில் நாள் ரெண்டும் கொப்பியில எழுதினா, கொழும்பு டேபிள்ல பத்து நிமிஷ வோர்ம்-அப்லயே வேகம் பிடிபடும்.

ஹட்டன்_கியூ:
அட, பொக்கட்ல விரல் தாராளமாப் போகுது! இன்னொண்ணு, ஒரு பழைய கிளப்ல 12 அடி ஸ்நூக்கர் டேபிள் இருக்கு. அதுல பழகலாமா?

பண்டாரவளை_சோக்:
நேரா அடிக்கப் பழக நல்லது. பொசிஷன், அதாவது கியூ போலை அடுத்த அடிக்குத் தோதான இடத்துல நிறுத்துறது, அதைப் பழக வேணாம் தம்பி. ஸ்நூக்கர் துணிக்கு ரோமம் உண்டு, போக் பக்கமிருந்து (ஆட்டம் தொடங்குற முனை) கறுப்பு போல் வைக்கிற புள்ளிப் பக்கம் படுத்திருக்கும். மெதுவா உருட்டினா அந்த ரோமம் போலைத் திருப்பும். பூல் போட்டித் துணியில ரோமமே கிடையாது. ஸ்நூக்கர் போலும் 52.5 மில்லிமீட்டர்தான், பூல் போல் 57.2. கியூ நுனி தடிமனும் வேற: ஸ்நூக்கர் 9 – 10, பூல் 12 – 13 மில்லிமீட்டர்.

கியூவை சுவத்துல சாய்ச்சு வைக்கிற பழக்கம் இருந்தா முதல்ல அதை நிறுத்தச் சொல்லுங்க. ஈரச் சுவர், ஒரு பக்கம் கனம், கோணிப் போக அது போதும். கழட்டி உறைக்குள்ள சிலிக்கா பொட்டலத்தோட வைங்க. கை ஒட்டுதுன்னு பவுடர் பூசினா அது துணிக்குத்தான் போகும். கியூவை ஈரம் லேசாப் பட்ட துணியால துடைச்சு, உடனே காய்ஞ்ச துணியால தேய்ச்சா போதும்.

டிப் (கியூ நுனியில ஒட்டுற தோல்) அடிக்கடி கழண்டா பசையைத் திட்டாதீங்க. பழைய பசையை ஃபெரூல்லயும் (டிப்புக்குக் கீழ இருக்கிற வளையம்) டிப் அடியிலயும் சமதளமாத் தேய்ச்சு எடுக்காம ஒட்டினா எந்தப் பசையும் பிடிக்காது. மழைக்காலத்துல தோல் ஊறி ஓரம் காளான் மாதிரிப் பிதுங்கும், வாரம் ஒரு தடவை ஓரத்தைச் சமப்படுத்துங்க.

ரேஸ்_டு_9:
சோறு விஷயம் நான் சொல்றேன். 2024 ஜெத்தா உலகப் பூல் போட்டியில மொத்தப் பரிசு 10 லட்சம் டொலர், ஜெயிச்ச ஃபெடோர் கோர்ஸ்டுக்கு 2.5 லட்சம். காதுக்கு இனிக்கும். ஆனா 128 பேர்ல முதல் கட்டத்துல ரெண்டு மெட்ச் தோத்தா மூட்டையைக் கட்ட வேண்டியதுதான். ஓப்பன் போட்டிகள்ல விமானம், ரூம், நுழைவுக் கட்டணம் பெரும்பாலும் ஆடுறவன் தலையில. அதனால பலரும் பயிற்சி கொடுத்தும், கியூ நிறுவனத்தோட ஒப்பந்தம் போட்டும்தான் வண்டி ஓட்டுறாங்க.

நம்ம நாட்டுல எம்.ஜே.எம். லாஃபிர் 1973ல பம்பாயில அமெச்சூர் உலக பில்லியர்ட்ஸ் பட்டம் எடுத்தார். அது பூல் இல்ல, ஆனா இந்தத் தீவுக் கையால முடியும்னு தெரியுதே. 2017லயும் 2025லயும் உலக நைன்-போல் (ஒன்பது போல் வச்சு ஆடுற பூல்) பட்டம் எடுத்த பிலிப்பைன்ஸ் கார்லோ பியாடோ, முன்னாடி கோல்ஃப் கேடி. நுவரெலியாவுல பேக் சுமக்கிற பிள்ளைகள் இதைக் கவனிக்கலாம்.

தம்பிக்கு ஒரு அளவுகோல்: போட்டி அளவு டேபிள்ல ஒன்பது போலையும் பரப்பி வச்சு, கியூ போலைக் கையால எங்க வேணும்னாலும் வச்சு, 1ல இருந்து வரிசையாப் போடணும். பத்து ரேக்ல (ஒன்பது போலையும் ஒரு தடவை வச்சு ஆடுறது ஒரு ரேக்) எத்தனை முடியுதுன்னு எழுதணும். முடியாத ரேக்ல கியூ போல் எங்க நின்னுச்சு, எந்த போல்ல ஆட்டம் நின்னுச்சுன்னும் எழுதணும். மூணு மாசக் கணக்கைப் பார்த்துட்டு பஸ் டிக்கட் வாங்கச் சொல்லுங்க. அதுவரை வேலையை விட வேணாம்.