அத்தை கோயிலுக்கு ஒரு பொருளாளர்

குழு: பொன்னையா தாத்தா குடும்பம்
18 மே 2025, ஞாயிறு மாலை (லண்டன் நேரம்)

ஜெபராஜ் சித்தப்பா: (பலமுறை ஃபார்வர்டு செய்யப்பட்டது) இங்கிலாந்தில் தேவாலயங்கள் எல்லாம் மதுக்கடைகளாக மாறிவிட்டன!! கடைசி காலத்தின் அடையாளம். 10 பேருக்கு அனுப்புங்கள் 🙏🙏

தங்கம் அத்தை: ஜெபா, காலையில எட்டு மணிக்குக் கோயில் கதவைத் திறந்தவ, இப்பதான் வீட்டுக்குள்ள கால் வைக்கேன். எங்க கோயில் இன்னும் கோயிலாத்தான் இருக்கு. மதுக்கடை ஆனா உனக்குத்தான் முதல்ல சொல்லுவேன்.

ஷீபா: 😂😂
அத்தை, இன்னைக்குத்தானே ஆண்டுக் கூட்டம்? கோயில் பொறுப்பு பாக்குற வார்டனா திரும்ப உங்களையே போட்டுட்டாங்களா?

தங்கம் அத்தை: வேற ஆளு நின்னாத்தானே மருமவளே. ரெண்டு வார்டன் வேணும்னு சட்டம். நானும் அந்த நைஜீரியாக்கார அண்ணனும் நின்னோம். போட்டி கிடையாது, கைதட்டு மட்டும் உண்டு.

தங்கம் அத்தை: அது கிடக்கட்டும். பொருளாளருக்கு ஒரு கை கூட உயரல. இருக்கவருக்கு எண்பது தாண்டிட்டு, மக வீட்டோட போறாரு. நம்ம ஆடிட்டர் செல்வின் இருக்கானா இங்க?

ஷீபா: அண்ணன் இருக்கான். ரெண்டு ப்ளூ டிக்கும் விழுந்துட்டு.

செல்வின்: அத்தை, நான் உங்க கோயிலுக்கு வந்தது கடைசியா போன கிறிஸ்துமஸ்.

தங்கம் அத்தை: அதுக்கு முந்தின கிறிஸ்துமஸ். நான்தான் வாசல்ல மெழுகுவத்தி கொடுத்தேன், எனக்குத் தெரியாதா.

ஜெபராஜ் சித்தப்பா: அக்கா, அங்க ராஜாதானே சர்ச் ஆஃப் இங்கிலாந்து சபைக்குத் தலைவர். அரசாங்கமே ஐயருக்கு (பாதிரியாருக்கு) சம்பளம் கொடுத்துருமே. பொருளாளருக்கு அங்க என்ன வேலை?

தங்கம் அத்தை: இதை நீ மட்டும் இல்ல, எங்க தெருவுல இருக்க வெள்ளக்காரனே கேக்கான். ராஜா தலைவர்ங்கது வாஸ்தவம். ஆனா வரிப்பணத்துல இருந்து ஐயர் சம்பளத்துக்கு ஒரு பைசா வராது. ஜெர்மனியில சபை வரின்னு தனியா பிடிக்காவ, இங்க அதுவும் இல்ல. வாரவங்க போடுத காணிக்கை, ஹால் வாடகை, அவ்வளவுதான் எங்க கஜானா.

தங்கம் அத்தை: அதுலயும் பெரிய பங்கு எங்க பேராயர் பாக்க திருமண்டலத்துக்குப் போகுது. பாரிஷ் ஷேர்னு பேரு. நம்ம ஊர்ல சங்கத்துக்குக் கட்டுத மாதிரிதான். அதை எல்லாக் கோயில்லயும் வாங்கித்தான் ஐயர்மாருக்குச் சம்பளம், வீடு, பென்ஷன் எல்லாம். கட்டலன்னா யாரும் கேஸ் போட மாட்டாவ. அடுத்த ஐயர் வாரதுதான் சந்தேகம்.

செல்வின்: சபைச் சொத்தை நிர்வகிக்கிற சர்ச் கமிஷனர்ஸ் கையில 10 பில்லியன் பவுண்டுக்கு மேல முதலீடு இருக்கே அத்தை. அதை வச்சுக்கிட்டு உங்ககிட்ட ஏன் வாங்கணும்?

தங்கம் அத்தை: நல்லாக் கேட்ட. எங்க கூட்டத்துலயும் வருஷா வருஷம் ஒருத்தரு எந்திரிச்சு இதைக் கேப்பாரு. அது பேராயர்களுக்கு, கதீட்ரலுக்கு, வசதியில்லாத திருமண்டலங்களுக்கு, 1998க்கு முந்தின ஐயர்மார் பென்ஷனுக்குன்னு போகுது. எங்க கூரை ஒழுகுனா நாங்கதான் வாளி வைக்கணும்.

தங்கம் அத்தை: (புகைப்படம்)
தங்கம் அத்தை: (புகைப்படம்)

ஷீபா: அய்யோ, அது பீடத்துக்குப் பக்கத்துலயா? நெசமாவே வாளி வச்சிருக்கீங்க.

தங்கம் அத்தை: வடக்குப் பக்கத்து ஈயத்தகட்டை ராத்திரியோட ராத்திரியா உரிச்சிட்டுப் போயிட்டானுவ. இன்சூரன்ஸ் கொஞ்சம்தான் தந்தாவ. மறுபடி ஈயம் போட்டா மறுபடி வருவான்னு, ஸ்டீல்ல ஒரு தகடு இருக்கு, அதைப் போடலாம்னு ஆர்க்கிடெக்ட் சொல்லுதாரு. பார்க்க ஈயம் மாதிரியே இருக்கும், விற்கப் போனா விலை போகாது.

ஜெபராஜ் சித்தப்பா: ஸ்டீல்னா ஸ்டீல், நாளைக்கே போட வேண்டியதுதானே.

தங்கம் அத்தை: போடலாம், கோர்ட்டு சம்மதிச்சா.

ஜெபராஜ் சித்தப்பா: கோர்ட்டா? கோயில் விஷயம் கோர்ட்டுக்குப் போறது நம்ம ஊர்லதான்னு நெனச்சேன் 🤭

தங்கம் அத்தை: இது சண்டைக் கோர்ட்டு இல்ல. திருமண்டலத்துக்குன்னு ஒரு நீதிபதி உண்டு, சான்சலர்னு. அவரு கொடுக்க அனுமதிக்குப் பேரு ஃபாகல்ட்டி. சின்ன ரிப்பேருக்கு வேண்டாம், இல்லன்னா பேராயருக்குக் கீழ இருக்க ஆர்ச்டீக்கன் எழுதித் தந்தாப் போதும். கூரை மாத்த, பெஞ்சை எடுக்க, ஹீட்டிங் மாத்தன்னா ஃபாகல்ட்டிதான். படம், விலை விவரம், எதுக்கு வேணும்னு விளக்கம், அதுக்கு முந்தி ஒரு ஆலோசனைக் குழு பார்த்துட்டு ஒரு கடுதாசி. எங்க கோயில் பாதுகாக்கப்பட்ட கட்டடம் வேற.

செல்வின்: ஹீட்டிங் என்ன ஆச்சு?

ஷீபா: பாருங்க, கொக்கியில மாட்டிட்டான்.

தங்கம் அத்தை: பாய்லர் செத்துட்டு. 2030க்குள்ள கார்பனைப் பூஜ்யம் ஆக்கணும்னு சபையோட பொதுமன்றமான சினட்ல 2020லயே தீர்மானம் போட்டாச்சு. அதனால பழைய கேஸ் பாய்லரை எடுத்துட்டுப் புது கேஸ் பாய்லர் வைக்கவும் 2022ல இருந்து ஃபாகல்ட்டி வேணும். வேற வழி எல்லாம் யோசிச்சுப் பார்த்தியான்னு கேப்பாவ. கேக்கது நியாயந்தான். ஆனா ஜனவரியில ஓவர்கோட்டோட திருவிருந்து எடுக்கவங்ககிட்ட அந்த நியாயத்தைச் சொல்லிப் பாரு.

தங்கம் அத்தை: (குரல் செய்தி 2:41)

கிறிஸ்டி அம்மா: தங்கம், இங்க அவிய அப்பா தூங்குதாவ, குரல் போட முடியாது. எழுதேன்.

தங்கம் அத்தை: சரி மைனி. கட்டடத்தோட கதையச் சொன்னேன். வாட்டர்லூ சண்டை முடிஞ்ச பொறவு பட்டணங்கள்ல ஜனம் பெருகிட்டு, கோயில்ல உட்கார இடமில்ல. பிரான்ஸ் மாதிரி இங்கயும் புரட்சி வந்துருமோன்னு வேற பயம். 1818ல பார்லிமென்ட் 10 லட்சம் பவுண்டு ஒதுக்கி ஊரெல்லாம் புதுக் கோயில் கட்டுச்சு. அதுல ஒண்ணு எங்களது. ஆயிரம் பேருக்கு மேல உட்காரலாம், மாடி வேற. இப்போ ஞாயித்துக்கிழமை எழுபது பேரு வந்தா நல்ல கூட்டம். எழுபது பேரைச் சூடாக்க ஆயிரம் பேரு காத்தைச் சூடாக்கணும்.

ஜெபராஜ் சித்தப்பா: பாத்தியா, அரசாங்கம் கொடுத்திருக்கே!

தங்கம் அத்தை: 1818ல ஜெபா. 1824ல இன்னொரு அஞ்சு லட்சம். அந்தக் காசோட பவிசு அத்தோட சரி.

செல்வின்: கூரை வேலைக்கு வாட் 20 சதவீதம் திரும்பக் கிடைக்குமே, வழிபாட்டுக் கட்டடங்களுக்கான திட்டத்துல.

தங்கம் அத்தை: கிடைச்சுது. போன மாசத்துல இருந்து ஒரு கோயிலுக்கு வருஷத்துக்கு 25,000 பவுண்டுதான்னு கட்டு போட்டுட்டாவ. சின்னக் கிராமத்துக் கோயிலுக்கு அது போதும். எங்க கூரைக்குச் சாரம் கட்டுத காசே தனி.

செல்வின்: ஆர்கன் (இசைக்கருவி) ஃபண்டு ஒண்ணு நல்ல தொகையா இருக்கே. ஆனா அது உயில்ல எழுதி வச்சது, ரெஸ்ட்ரிக்டட். கூரைக்கு எடுக்க முடியாது.

ஷீபா: ஒரு நிமிஷம். ஆர்கன் ஃபண்டு பத்தி அத்தை இங்க சொல்லவே இல்லையே 👀

கிறிஸ்டி அம்மா: ஆமாலே, நீ எங்க பாத்த?

செல்வின்: வருமானம் வருஷத்துக்கு ஒரு லட்சம் பவுண்டைத் தாண்டுனா சாரிட்டி கமிஷன்ல பதியணும். பதிஞ்சா கணக்கு எல்லாம் அவங்க வெப்சைட்ல இருக்கும். யாரும் பார்க்கலாம். சும்மா பார்த்தேன்.

தங்கம் அத்தை: சும்மா பாக்க மருமவனே, சும்மா பாரு.

செல்வின்: ஹால் வாடகைதான் உங்களைத் தாங்குது. நர்சரி போயிட்டா கதை முடிஞ்சுது. அப்புறம் சின்னக் காணிக்கைக்கு அரசாங்கம் தர்ற டாப் அப் எங்கயும் காணோமே? 30 பவுண்டு வரைக்கும் உண்டியல்ல போடுறது, கார்டு தட்டுறது எல்லாத்துக்கும் கிஃப்ட் எய்ட் (காணிக்கைக்கு வரியைத் திருப்பித் தர்ற திட்டம்) மாதிரியே 25 சதவீதம் கேக்கலாம். ஃபார்ம் வேண்டாம். வருஷத்துக்கு 8,000 வரைக்கும் காணிக்கைக்கு, அதாவது 2,000 பவுண்டு சும்மா கிடக்கு.

தங்கம் அத்தை: இதைத்தான் சொல்லுதேன். இது எங்க யாருக்கும் தெரியாது.

ஜெபராஜ் சித்தப்பா: எழுபது பேருக்கு எதுக்கு அக்கா இவ்வளவு பாடு? பக்கத்துக் கோயிலோட சேத்துரலாமே. ஃபார்வர்டுல வந்தது சும்மா இல்ல போல.

தங்கம் அத்தை: சேத்தும் பாக்காவ, ஒரு ஐயர் ரெண்டு மூணு கோயிலைப் பாக்கது இப்போ சகஜம். மூடுதும் உண்டு. 2019ல நாடு முழுக்க வாரத்துக்கு எட்டரை லட்சம் பேரு வந்தாவ, இப்போ ஏழு லட்சத்தை ஒட்டி நிக்கு. நான் மறைக்கல.

தங்கம் அத்தை: ஆனா எழுபதுங்கது ஞாயிறு கணக்கு ஜெபா. திங்கள் காலையில நர்சரிப் பிள்ளைங்க. செவ்வாய் ராத்திரி குடியை விட்டவங்க கூட்டம். வியாழன் உணவு வங்கி, அதுல வரிசையில நிக்கவங்க பாதிப் பேரு வேற மதம். எங்க எல்லைக்குள்ள குடியிருக்க யாரு செத்தாலும் வந்து அடக்க ஆராதனை கேக்கலாம், யாரு கல்யாணம்னாலும் பொதுவா மூணு ஞாயிறு ஓலை (கல்யாண அறிவிப்பு) வாசிச்சு நாங்க நடத்தணும். அவன் கோயில் வாசலை மிதிச்சவனான்னு கேக்க எங்களுக்கு உரிமை இல்ல. போன மாசம் ஒரு அடக்கம். சொந்தம்னு ஒருத்தரும் வரல. ஃபியூனரல் ஆளுங்க நாலு பேரு, ஒரு கவுன்சில் ஆபீசர், நானு. நான்தான் பாட்டு ஆரம்பிச்சேன். அந்த ஆபீசருக்கு என்னைவிட நல்ல குரல்.

கிறிஸ்டி அம்மா: 😢

தங்கம் அத்தை: அழாதீங்க மைனி, நல்லா நடந்துச்சு.

ஷீபா: வர்ற எழுபது பேரு யாரு அத்தை? நான் வந்தப்ப வெள்ளக்காரங்க ரொம்பக் கம்மி.

தங்கம் அத்தை: நைஜீரியா, கானா, ஜமைக்கா, மலையாளி, நம்ம ஆளுக, பொறவு பழைய லண்டன்காரங்க பத்துப் பன்னெண்டு பேரு. ஜமைக்காக்காரப் பாட்டி ஒருத்தி இருக்கா. சின்ன வயசுல இந்த ஊருக்கு வந்த புதுசுல வேற ஒரு கோயில்ல ஐயரு வாசல்ல கைகுலுக்கி, "அடுத்த வாரம் வர வேண்டாம், எங்க ஆளுக சங்கடப்படுதாங்க"ன்னு சொன்னாராம். அந்தக் காலத்துல அப்படி நிறையப் பேருக்கு நடந்திருக்கு, சினட்டே 2020ல மன்னிப்புக் கேட்டுச்சு. இன்னைக்கு அவ கொண்டு வார பேரப்பிள்ளைங்க இல்லன்னா ஞாயிறு பள்ளி கிடையாது.

ஜெபராஜ் சித்தப்பா: ஐயர் அம்மா என்ன சொல்லுதாங்க? போன தடவை வீடியோவுல பேசுனாங்களே.

தங்கம் அத்தை: ஈஸ்டர் முடிஞ்சதும் போயிட்டாங்கலே. வேற ஊருக்கு. எட்டு வருஷம் இருந்தாங்க, கடைசியில ஆளு பாதியாயிட்டாங்க. கணக்கு, கூரை, பிள்ளைங்க பாதுகாப்புப் பயிற்சி, இமெயில். ஜெபிக்க நேரமில்லன்னு அவங்களே சொன்னாங்க. இப்போ ஐயர் இல்லாத காலம். புது ஐயர் வார வரைக்கும் வார்டன் ரெண்டு பேரும், இந்தப் பக்கத்துக் கோயில்களை மேற்பார்க்க ஏரியா டீனும்தான் பொறுப்பு. ஓய்வு பெற்ற ஐயர்மாரைக் கெஞ்சிக் கெஞ்சி ஞாயித்துக்குப் பிடிக்கேன்.

ஜெபராஜ் சித்தப்பா: பேராயர் மாறுதல் லிஸ்ட் போட்டா முடிஞ்சுதே. (அம்மா ஐயர்னு பெருமைப்படாதீங்க, நம்ம தென்னிந்தியத் திருச்சபையில 1976லயே பெண்ணுக்குக் குருப்பட்டம் கொடுத்தாச்சு. அங்க 1994.)

தங்கம் அத்தை: அந்தப் பெருமை எனக்கும் உண்டுலே. ஆனா இங்க மாறுதல் லிஸ்ட்டுங்கதே கிடையாது. நாங்க முதல்ல எங்க பாரிஷைப் பத்தி எழுதணும். விளம்பரம் போடணும், இன்டர்வியூ வைக்கணும். எங்க சார்புல ரெண்டு பேரு உட்காருவோம், எங்களுக்குப் பிடிக்கலன்னா வேண்டாம்னு சொல்லலாம்.

ஜெபராஜ் சித்தப்பா: ஐயரை வேண்டாம்னு சபை சொல்லலாமா!! இதை நம்ம சேகரக் கமிட்டியில சொல்லிராதீங்க.

தங்கம் அத்தை: சொல்லலாம், ஆனா வேற ஆளு வரணுமே. கணக்கு பாக்க ஆளில்லாத கோயிலுக்கு எந்த ஐயர் விண்ணப்பம் போடுவாரு? அதான் மருமவனே.

செல்வின்: நான் வேணா வருஷக் கணக்கைச் சரிபார்த்துத் தர்றேன். வெளி ஆள் ஒருத்தர் பார்க்கணும்ல? பொருளாளர் வேண்டாம்.

தங்கம் அத்தை: அதுக்கு ஆளு இருக்கு. கணக்கைச் சரிபார்க்க ஆளு இருக்கு, எழுத ஆளு இல்ல.

செல்வின்: நான் பி.சி.சி. (கோயில் நிர்வாகக் குழு) மெம்பர் கூட இல்லையே. எலக்டோரல் ரோல்ல, அதாவது கோயில் வாக்காளர் பட்டியல்ல, பேர் இல்ல.

தங்கம் அத்தை: ஆறு வருஷத்துக்கு ஒருக்கா அந்த ரோலைப் புதுசா எழுதணும், இந்த வருஷம் அந்த வருஷம். ஞானஸ்நானம் ஆயிருக்கணும், 16 வயசு ஆயிருக்கணும், எங்க எல்லைக்குள்ள குடியிருக்கணும், இல்லன்னா ஆறு மாசமாவது ஆராதனைக்கு வந்திருக்கணும். நம்ம சபையும் இவங்களோட ஐக்கியம் உள்ளதுதான், அதனால உன் ஞானஸ்நானம் செல்லும். உன் ஃபிளாட் எங்க எல்லைக்குள்ளதான், நான் மேப்பைப் பாத்துட்டேன். கோயிலுக்கே வராட்டாலும் நீ சேரலாம்.

ஷீபா: அத்தை ஹோம்வொர்க் முடிச்சிட்டுத்தான் வந்திருக்காங்க 😂

செல்வின்: பி.சி.சி.ல நிக்கணும்னா வருஷத்துல மூணு தடவையாவது நற்கருணை எடுத்திருக்கணும். நான் அதுல அவுட்.

கிறிஸ்டி அம்மா: மூணு தடவை கூட இல்லையாலே???

செல்வின்: அம்மா, இது தனிப்பேச்சு.

தங்கம் அத்தை: பி.சி.சி. மெம்பர்ல யாரும் கிடைக்கலன்னா வெளியில இருந்து தகுதியான ஆளைப் பொருளாளராப் போடலாம்னு சட்டத்துலயே இருக்கு. அப்படியும் கிடைக்கலன்னா அந்த வேலை வார்டன் தலையில விழும். அதாவது எனக்கு. நாப்பது வருஷம் நர்ஸ் வேலை பாத்தவ நான், எக்ஸெல் திறந்தாலே எனக்கு பிரஷர் ஏறும்.

செல்வின்: ஆறு மாசம். செப்டம்பருக்கு மேல வேற ஆளு தேடுங்க.

ஷீபா: மே, ஜூன், ஜூலை, ஆகஸ்ட். அண்ணா, நீ ஆடிட்டர்தானா?

செல்வின்: நவம்பர் வரைக்கும். அவ்வளவுதான்.

ஜெபராஜ் சித்தப்பா: வாழ்த்துகள் செல்வின் 💐💐 நானும் இப்படி ஆறு மாசம்னுதான் சேகரக் கமிட்டிக்குள்ள போனேன்.

தங்கம் அத்தை: செவ்வாய் ராத்திரி ஏழு மணி, கோயில் வெஸ்ட்ரி அறையில. ஸ்வெட்டர் போட்டுட்டு வா. பாதுகாப்புப் பயிற்சி ஆன்லைன்ல இருக்கு, லிங்க் அனுப்புதேன். ஆர்ச்பிஷப்பே அந்த விஷயத்துல பதவி விட்டுட்டுப் போன பொறவு எங்க யாருக்கும் விலக்கு கிடையாது.

செல்வின்: சரி. பேங்க் மேண்டேட்ல யார் யார் கையெழுத்து?

தங்கம் அத்தை: மூணு பேரு. செக்குக்கு ரெண்டு கையெழுத்து வேணும். ஒண்ணு ஐயர் அம்மா, போயிட்டாங்க. இன்னொண்ணு பழைய பொருளாளர்.

செல்வின்: அவர் எப்ப மக வீட்டுக்குப் போறார்?

தங்கம் அத்தை: புதன்கிழமை.

செல்வின்: அத்தை, செவ்வாய் வேண்டாம். நாளைக்கு ஆபீஸ் முடிஞ்சதும் நேரா வர்றேன். அவரையும் வரச் சொல்லுங்க, பாஸ்போர்ட்டோட.