'அப்கோனிங்': 'ஏறுகூம்பு' எனலாமா?

அன்பு நண்பர்களுக்கு வணக்கம்.

கடலோரக் கட்டுமானமும் நிலத்தடி நீரும் குறித்த சொற்பட்டியலில், குழி தோண்டுவதற்காக நிலத்தடி நீரை இறைப்பதைக் குறிக்கும் 'டீவாட்டரிங்'குக்குத் தமிழ்ச்சொல் ஏறக்குறைய முடிவாகிவிட்டது. 'நீர்நீக்கம்' கசடைப் பிழிந்து உலர்த்துவதற்கும் பொருந்துவதால், 'நீர்மட்டத் தாழ்த்தல்' என்றே வைத்துக்கொள்ளலாம். அடித்தளக் குழி தோண்டுபவருக்குத் தண்ணீர் தேவையில்லை. குழியின் அடிக்குக் கீழே நீர்மட்டம் இறங்கினால் போதும். அந்த நோக்கம் சொல்லிலேயே தெரிகிறது.

சிக்கல் 'அப்கோனிங்'கில்தான்: அப்படி இறைக்கும் கிணற்றுக்கு அடியிலுள்ள உவர்நீர் கூம்புபோல் மேலே வருவது. 'மேல்கூம்பாதல்' நாக்கில் நிற்கவில்லை. 'உவர்நீர் எழுச்சி' என்றால் உப்புநீர் கொடி பிடித்துக் கிளம்பியதுபோல் இருக்கிறது; கூம்பும் காணாமற்போகிறது.

கடலோர மணலில் நன்னீர் தன்னைவிடக் கனத்த உவர்நீரின்மேல் மிதக்கிறது. நன்னீரின் அடர்த்தி 1.000 என்றால் கடல்நீருடையது சுமார் 1.025. இந்தச் சிறு வேறுபாட்டால், கடல்மட்டத்துக்கு மேலே 1 மீட்டர் நன்னீர் நின்றால் கீழே ஏறத்தாழ 40 மீட்டர் வரை நன்னீர் இருக்கும். கைபன்–ஹெர்ஸ்பெர்க் தொடர்பு இதுதான். மேலே நீர்மட்டம் 1 மீட்டர் இறங்கினால், சமநிலை வரும்போது கீழே நன்னீரும் உவர்நீரும் சந்திக்கும் எல்லை 40 மீட்டர் ஏறியிருக்கும். சில மாத இறைப்பில் அவ்வளவு ஏறாது. ஆனால் இறைக்கும் கிணற்றுக்கு நேர்கீழே எல்லை குவிந்து மேலே வரும். கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 19,000 மில்லிகிராம் குளோரைடு இருக்கிறது. குடிநீரில் 250 தாண்டினால் கரிக்கத் தொடங்கும். நூற்றில் இரண்டு பங்கு கலந்தாலே கிணறு கெட்டது.

என் பரிந்துரை: கிணற்றைச் சுற்றி நீர்மட்டத்தில் விழும் தலைகீழ்க் கூம்பு 'இறங்குகூம்பு', அடியிலிருந்து வரும் உவர்நீர்க் கூம்பு 'ஏறுகூம்பு'.

*

ஐயா, 'ஏறு' என்றதும் எனக்குக் காளைதான் முன்னால் நிற்கிறது. அது போகட்டும். 'கடல்நீர் ஊடுருவல்' என்ற பழகிய சொல் இருக்கும்போது தனிச்சொல் எதற்கு? அறிக்கை படிப்பவருக்குக் கிணறு உப்பாகிவிட்டது என்பதுதானே செய்தி? சொல்லைப் பெருக்கினால் குழப்பமும் பெருகும்.

*

பள்ளிக் கணக்கில் ஏறுவரிசை, இறங்குவரிசை படித்தவர்களைக் காளை முட்டாது என்று நம்புகிறேன்!

தனிச்சொல் கட்டாயம் வேண்டும். ஊடுருவல் கரையிலிருந்து பக்கவாட்டில் வருவது. ஏறுகூம்பு காலடியிலிருந்து வருவது. கடல் தள்ளியிருந்தாலும், அடியில் உவர்நீர் இருந்தால் போதும். இரண்டையும் ஒரே பெயரில் எழுதுவதால் தீர்வும் தவறிப்போகிறது. கரையோரம் தடுப்பு போட்டாலும், குழிக்கு அடியில் ஏற்கெனவே இருக்கும் உவர்நீர் மேலே வருவது நிற்காது. அங்கே செய்ய வேண்டியது வேறு: ஆழக் கிணறு ஒன்றில் ஓங்கி இறைக்காமல், ஆழம் குறைந்த பல கிணறுகளில் மெல்ல இறைப்பது, குழியைச் சுற்றிய சுவரைக் களிமண் அடுக்குவரை இறக்கி, இறைக்கும் அளவையே குறைப்பது, இறைத்த நன்னீரைச் சாக்கடையில் விடாமல், சுவருக்கு வெளியே செறிவூட்டு கிணறுகளில் திரும்ப விடுவது. கடைசியாகச் சொன்னதைச் செலவு என்று தள்ளிவிடுகிறார்கள். கட்டடம் முடிந்து அவர்கள் போனபின் அக்கம்பக்கத்துக் கிணறுகள்தான் அந்தச் செலவைச் சுமக்கின்றன. மோட்டாரை நிறுத்தியதும் இறங்குகூம்பு மெல்ல நிரம்பிவிடும். ஏறுகூம்பு அப்படி மறைவதில்லை. அது தாழ்ந்தாலும் கலந்த உப்பு மணலிலேயே தங்கி, மழைநீர் அலசி அகற்ற ஆண்டுகள் ஆகலாம்.

ஆகவே வடிவத்துக்கு 'ஏறுகூம்பு', நிகழ்வுக்கு 'ஏறுகூம்பாக்கம்' என்று பதிகிறேன். மறுப்பிருந்தால் சொல்லுங்கள். அடுத்தது, கரைக்கு இணையாக நீளும் நிலத்தடிச் சுவர்: அதன் நிலப்புறம் நீர்மட்டம் உயர்ந்து கடற்புறம் தாழ்கிறதே, அதற்கு இன்னும் பெயரில்லை. 'மறிப்பு விளைவு' என்று தொடங்கிவைக்கிறேன்.