மறு: மறு: ‘பூட் ஃப்ரீஸ்’ – உறைவா, முடக்கமா, தொங்கலா?

நண்பர்களுக்கு வணக்கம். கணினி தொடங்கும்போதே திரை அசையாமல் நின்றுவிடுவதை ‘பூட் ஃப்ரீஸ்’ என்கிறோம். நம் கலைச்சொல் தொகுப்பில் அதற்கு எந்தத் தமிழ்ச் சொல்லை வைப்பது என்ற பேச்சுக்கு என் பதில் இது.

> ‘தொடக்க முடக்கம்’ என்றே வைத்துக்கொள்வோம். காதுக்கு நன்றாக இருக்கிறது.

காதுக்கு நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ‘டிசேபிள்’ என்பதற்கு நம் தொகுப்பில் ‘முடக்கு’ என்று ஏற்கெனவே கொடுத்துவிட்டோம். ட்ரூநாஸ் (சேமிப்பக சர்வர்களுக்கான இயங்குதளம்) நிறுவல் கையேட்டில் பழைய சர்வர்களுக்கான பகுதியை எடுத்துக்கொண்டால், பயாஸில் (கணினியை முதலில் எழுப்பும் அடிப்படை நிரல்) இதை முடக்கு, அதை முடக்கு என்றுதான் பாதி வரிகள் போகும். ‘முடக்கத்தைத் தவிர்க்க ஆப்ஷன் ரோமை முடக்கவும்’ என்று எழுதி வைத்தால் படிப்பவர் நம்மைத் திட்டுவார்.

> ‘தொங்கல்’ என்ன குறை? எல்லாரும் ஹேங் ஆகிவிட்டது என்றுதானே சொல்கிறோம்.

சொல்கிறோம், அதை ஹேங் என்றேதான் சொல்கிறோம். ‘சர்வர் தொங்குகிறது’ என்று யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. தமிழில் தொங்கலில் கிடப்பது முடிவு தெரியாத விவகாரம். நின்றுபோன இயந்திரம் அல்ல.

இதையெல்லாம்விட எனக்கு உறுத்துவது வேறு. பூட் ஃப்ரீஸ் என்ற ஒரே பெயரில் மூன்று வெவ்வேறு கோளாறுகளை அடைத்து வைத்திருக்கிறோம். மூன்றிலும் திரை ஒரே மாதிரி நிற்கும், ஆனால் செய்ய வேண்டியது வேறு வேறு. ஒரு சொல்லைத் தேடுவதை விட்டுவிட்டு மூன்று சொற்களைத் தேடலாம்.

முதலாவது, இயந்திரமே நின்றுபோவது. இதற்கு முதல் மடலில் வந்த ‘தொடக்க உறைவு’ சரியாகப் பொருந்துகிறது. நல்ல எடுத்துக்காட்டு ஆப்ஷன் ரோம், அதாவது செருகும் அட்டைகளிலேயே இருக்கும் தொடக்க நிரல், சார்ந்த விவகாரம். பயாஸுக்குப் பின் வந்த யூஇஎஃப்ஐ இல்லாத சர்வர்களில் (ஹெச்பி டிஎல்380 வரிசையில் எட்டாம் தலைமுறை வரை பயாஸ் மட்டும்தான்) அட்டைகளில் உள்ள தொடக்க நிரல்களுக்கெல்லாம் சேர்த்து முதல் 1 எம்பி நினைவகத்துக்குள் ஒரு குறுகிய இடம்தான் ஒதுக்கப்பட்டிருக்கும். கிராஃபிக்ஸ் சிப் ஒரு பங்கை எடுத்துக்கொள்ளும். நெட்வொர்க் போர்ட்டுகளின் பிஎக்ஸ்இ நிரல் (நெட்வொர்க் வழியாக பூட் செய்வதற்கானது) கொஞ்சம் எடுக்கும். அப்புறம் எல்எஸ்ஐ 9211-8ஐ போன்ற வட்டு அட்டைகளை இரண்டு மூன்று செருகினால் இடம் போதாமல், நிறுவல் யூஎஸ்பியைத் தொடுவதற்கு முன்பே சர்வர் நின்றுவிடலாம். இங்கே காத்திருந்து பயனில்லை. பிஎக்ஸ்இயை முடக்க வேண்டும், அல்லது வட்டு அட்டையில், வட்டுகளை அப்படியே இயங்குதளத்துக்குக் காட்டும் ஐடி ஃபர்ம்வேரை மட்டும் வைத்துக்கொண்டு தொடக்க நிரலை நீக்கிவிட வேண்டும். நீக்கினால் அந்த அட்டையில் உள்ள வட்டுகளிலிருந்து பூட் செய்ய முடியாதே தவிர, ட்ரூநாஸ் அவற்றைச் சேமிப்பு வட்டுகளாக வழக்கம்போலப் பார்க்கும். கெர்னல் (இயங்குதளத்தின் மையநிரல்) ஏறிய பின் ஏசிபிஐ (மின்சார, வன்பொருள் மேலாண்மை), ஐஓஎம்எம்யூ (சாதனங்களின் நினைவக அணுகல்) கோளாறுகளால் நிற்பதும் இந்த வகைதான்.

இரண்டாவது, இயந்திரம் எதற்காகவோ காத்திருப்பது. இதற்கு ‘தொடக்கத் தேக்கம்’ என்பேன். மதகில் ஏதோ அடைத்திருக்கிறது, எடுத்தால் ஓடும். சில பழைய பயாஸ்கள் யூஎஸ்பியை ஆமை வேகத்தில் படிக்கும். கெர்னலை ஏற்றும் நிரலான க்ரப் ‘இனிஷியல் ராம்டிஸ்க்’ வரியோடு பல நிமிடம் அசையாமல் இருப்பதற்கு அதுவே காரணமாக இருக்கலாம். சாகப்போகும் வட்டு ஒன்று இருந்தாலும் இதே கதை. லினக்ஸ் ஒரு வட்டுக் கட்டளைக்கு இயல்பாக 30 நொடி காத்திருந்து, மறுபடி மறுபடி முயன்று பார்க்கும். இசட்எஃப்எஸ் பூலை (ட்ரூநாஸின் வட்டுத் தொகுதி) இறக்குமதி செய்யும் நேரத்தில் இது நடந்தால் யாருக்கும் பொறுமை போய்விடும். பவர் பட்டனை அழுத்துவதற்கு முன் வட்டு விளக்கு மினுக்குகிறதா என்று பார்க்கச் சொல்ல வேண்டும். தேக்கம் என்ற சொல்லே அதைப் பாதி சொல்லிவிடுகிறது.

> ‘தேக்ககம்’ என்று ஸ்டோரேஜைச் சிலர் எழுதுகிறார்களே, குழப்பாதா?

நம் தொகுப்பில் அது ‘சேமிப்பகம்’. ‘தேக்ககத் தொடக்கத் தேக்கம்’ என்று யாராவது எழுதினால் அப்போது பார்த்துக்கொள்வோம்.

மூன்றாவதுதான் ஆளை ஏமாற்றுவது. இயந்திரம் ஓடிக்கொண்டிருக்கும், திரைக்கு மட்டும் எதுவும் வராது. பழைய சர்வர்கள் பலவற்றில் மேட்ராக்ஸ் ஜி200 வகை சிப் இருக்கும். லினக்ஸில் இயங்கும் ட்ரூநாஸ் ஸ்கேலில், கெர்னல் திரையைத் தன் பொறுப்பில் எடுக்கும் நொடியில் படம் அப்படியே நின்றுவிடலாம், கறுத்தும் போகலாம். கன்சோல் சீரியல் போர்ட்டுக்குத் திருப்பப்பட்டிருந்தாலும் இதே தோற்றம்தான். கேப்ஸ் லாக்கைத் தட்டினால் விளக்கு எரிந்து அணைந்தால், கெர்னல் உயிரோடு இருப்பதற்கு நல்ல அறிகுறி. ஏற்கெனவே நிறுவிய கணினி என்றால் கொஞ்ச நேரம் விட்டு, வேறு கணினியிலிருந்து பிங் செய்து பார்க்கலாம். திரையைக் கெர்னல் தன் பொறுப்பில் எடுக்காமல் தடுக்கும் நோமோட்செட் என்ற சொல்லைக் க்ரப்பில் சேர்த்தால் பல நேரம் தீர்ந்துவிடும்.

இதற்கு என் பரிந்துரை ‘திரைமறைவுத் தொடக்கம்’. சதி வேலை போல ஒலிக்கிறது என்பீர்கள். ஒலிக்கட்டும், திரைக்குப் பின்னால் வேலை நடக்கிறது என்பதுதானே விஷயம்? ‘குருட்டுத் தொடக்கம்’ என்றும் யோசித்தேன், ஆனால் உடற்குறையைக் கோளாறுக்குப் பெயராக வைக்க மனம் வரவில்லை.

> எந்த வகை என்று தெரியாமல்தானே ஒருவர் கையேட்டைத் திறக்கிறார்? அவர் எந்தச் சொல்லைத் தேடுவார்?

இது நியாயமான கேள்வி, இதற்கு மூன்று சொற்களில் எதுவும் பதில் இல்லை. லினக்ஸ் அல்லாமல் ஃப்ரீபிஎஸ்டி இயங்குதளத்தில் ஓடும் ட்ரூநாஸ் கோர், யூஇஎஃப்ஐ முறையில் ஃப்ரேம்பஃபர் (திரைக்கான நினைவகப் பகுதி) வரிகளைக் காட்டிவிட்டு நின்றால், உறைவா திரைமறைவா என்று பார்த்த மாத்திரத்தில் எனக்கும் சொல்லத் தெரியாது. எனவே அத்தியாயத் தலைப்பில் கலைச்சொல்லே வேண்டாம். ‘தொடங்கும்போது திரை நகராமல் நின்றால்’ என்று வைப்போம். தேடுபவர் ‘ஹேங்’ என்றும் ‘ஃப்ரீஸ்’ என்றும்தான் தட்டுவார், அந்த இரண்டையும் தமிழ் எழுத்தில் முதல் வரியிலேயே போட்டுவிடலாம். மூன்று சொற்களும் அதற்குக் கீழே, சோதனைகளோடு வரட்டும்.

இன்னொன்று. ஆப்ஷன் ரோமுக்குத் தொகுப்பில் ‘விருப்ப நிலைநினைவகம்’ என்று இருக்கிறது. யாருடைய விருப்பமும் அதில் இல்லை. ‘அட்டைத் தொடக்க நிரல்’ என்று மாற்றுவதில் யாருக்காவது மறுப்பு உண்டா?