கப்பல் குரூப் 🚢 டிசம்பர் 27

*டிசம்பர் 5, 2021*

சுமதி: எல்லாரும் ஒரு நிமிஷம் இங்க பாருங்க. டிக்கெட் போட்டாச்சு ரூம் போட்டாச்சுன்னு ஆளாளுக்கு நிம்மதியா இருக்கீங்க, ஒர்லாண்டோ ஏர்போர்ட்ல இறங்கி கப்பல் கிளம்புற போர்ட் கனவெரலுக்கு எப்படி போறதுன்னு ஒருத்தர் வாயத் தொறக்கல. 45 மைல் இருக்கு

அப்பா: துறைமுகம் ஒர்லாண்டோவில் இல்லையா

சுமதி: இல்லப்பா, ஒர்லாண்டோ உள்ள இருக்கு, கடல் கிழக்க. நம்ம பாளையங்கோட்டைல இருந்து தூத்துக்குடி போற மாதிரி, அதை விட கொஞ்சம் கூடவே

அப்பா: அப்படியானால் பஸ் இருக்குமே

ரமேஷ்: அப்பா இது அமெரிக்கா 😂😂

பிரபு: மதினி ஷேர் வேன் இருக்கு, தலைக்கு இவ்ளோன்னு வாங்கிட்டு ஏர்போர்ட்ல ஏத்தி கப்பல் வாசல்ல இறக்கி விட்ருவான். நாங்க 27 காலைல முதல் ப்ளைட்ல டாலஸ்ல இருந்து கிளம்பினா மத்தியானம் அப்படியே ஏறிடலாம், ஹோட்டல் காசும் மிச்சம்

சுமதி: பிரபு தப்பா நெனைக்காதீங்க, அன்னைக்கே ப்ளைட் புடிச்சு அன்னைக்கே கப்பல் ஏறுறது நல்ல காலத்துலயே ஆகாது, இது கொரோனா காலம். ப்ளைட் லேட்டானா கப்பல் நிக்காது. அதுல ஷேர் வேன் வேற, யாருன்னே தெரியாத பத்து பேரோட ஒரு மணி நேரம் கண்ணாடிய ஏத்திவிட்டு ஏசில உக்காரணும். மாஸ்க் கட்டாயம்தான், அரசாங்கம் மார்ச் 18 வரைக்கும் நீட்டிச்சிருக்கு, ஆனா எத்தனை பேர் மூக்குக்கு கீழ போட்டுட்டு உக்காந்திருப்பான்னு உங்களுக்கே தெரியும்

பிரபு: எல்லாரும் ரெண்டு டோஸ் போட்டாச்சுல்ல மதினி

கவிதா: நம்ம குட்டிக்கு 4 வயசுங்க. அஞ்சு வயசுக்கு மேலதான் ஊசி. மறந்துட்டீங்களா

பிரபு: ஆமால்ல

சுமதி: அதைத்தான் சொல்ல வரேன். ஊசி போட்டவங்க ஏறுறதுக்கு ரெண்டு நாளைக்குள்ள எடுத்த டெஸ்ட் காட்டணும், குட்டிக்கு மூணு நாளைக்குள்ள பிசிஆர், அது போக போர்ட்லயே இன்னொரு தடவ மூக்குல குச்சி விடுவாங்க. அங்க கோடு விழுந்துச்சுன்னா அவ மட்டும் இல்ல, அவகூட வந்த நம்மளையும் சேர்த்து வெளிய அனுப்பிருவான். வெளிய அனுப்பிட்டா எங்க போவீங்க? ப்ளைட் ஏறக்கூடாது, ஷேர் வேன்ல ஏறக்கூடாது, ஊபர்க்காரன் பாவம் அவனுக்கும் குடும்பம் இருக்கு. போற வழிய மட்டும் யோசிக்காதீங்க, ஏத்த மாட்டேன்னு சொல்லிட்டா திரும்பி வர வண்டி எதுன்னு அதையும் யோசிங்க

செந்தில்: நேத்து நைட்ல இருந்து இதேதான் ஓடுது வீட்ல 🙏

அம்மா: 🎤 வாய்ஸ் மெசேஜ் (0:52)

ரமேஷ்: அம்மா என்ன சொல்றாங்க, நான் மீட்டிங்ல இருக்கேன்

சுமதி: போன வருஷம் ஜப்பான்ல யோக்கோஹாமால டைமண்ட் பிரின்சஸ்னு ஒரு கப்பல் நின்னுச்சே, 712 பேருக்கு வந்துச்சே, அப்படி ஆயிருச்சுன்னா என்ன பண்றது, பேசாம எல்லாரும் இங்க வீட்டுக்கே வாங்க நான் ஆப்பம் சுட்டு தரேன்னு சொல்றாங்க

கவிதா: ஆப்பம் ஓகே 😍 கப்பலும் ஓகே

ரமேஷ்: ரெண்ட் எ கார் எடுத்துரலாமேக்கா. ஏர்போர்ட்ல எடுத்து போர்ட் பக்கத்துல விட்ருவோம், நிறைய பேர் அப்படித்தான் போறாங்க. எல்லாரையும் பெட்டியோட டெர்மினல் வாசல்ல இறக்கிட்டு ஒரு ஆள் மட்டும் வண்டிய விட்டுட்டு அவங்க ஷட்டில்ல வந்தா போதும்

செந்தில்: விலை பாத்தியா மாப்ள? போன வருஷம் யாரும் வெளிய போகலன்னு ரெண்டல் கம்பெனிக்காரன் எல்லாம் லட்சக்கணக்குல வண்டிய வித்துட்டான், ஹெர்ட்ஸ் திவால் நோட்டீசே குடுத்தான் 2020 மே மாசம். இப்ப கூட்டம் திரும்பிருச்சு, புது வண்டி வாங்கலாம்னா சிப் இல்ல. அதான் கிறிஸ்மஸ் வாரத்துல மினிவேன் கேட்டா ப்ளைட் டிக்கெட்ட விட ஜாஸ்தி சொல்றான். ஒருத்தன் போர்ட் ஆபீஸ்ல விடவே முடியாதுங்கிறான்

கவிதா: ஊபர் எக்ஸ்எல்?

செந்தில்: முன் சீட்ல ஆள் உக்காரக்கூடாதுன்னு இன்னும் ரூல் இருக்கு. நாங்களே அஞ்சு பேர், பெட்டி எங்க வைக்க. ஏர்போர்ட்ல இருந்து போறப்ப கெடைக்கும், 31ம் தேதி காலைல ஆயிரக்கணக்குல ஜனம் ஒரே நேரத்துல இறங்கி போன நோண்டிட்டு நிப்பாங்க பாரு, அங்க தேடிப்பாரு. இன்னொன்னு, 2020 மார்ச்ல நிறுத்துன கப்பல் அந்த போர்ட்ல இருந்து மறுபடி கிளம்புனதே இந்த ஜூலை 31 தான், மார்டி கிராஸ்ங்கிற கப்பல். ஒன்றரை வருஷம் கப்பலே இல்லன்னா வேன் ஓட்டுனவன் என்ன பண்ணுவான், வேற வேலைக்கு போயிட்டான். இப்ப கப்பல் வந்திருச்சு டிரைவர் வரல

அப்பா: வண்டி ஓட்ட ஆள் இல்லை என்பதை அமெரிக்காவில் கேட்க ஆச்சரியமாக உள்ளது

*டிசம்பர் 7*

ரமேஷ்: நானும் தீபாவும் பேசினோம். நாங்க ப்ளைட் கேன்சல் பண்ணிட்டு அட்லாண்டால இருந்து எங்க சியன்னா வேன்லயே வந்துர்றோம். ஏழெட்டு மணி நேரம், ஐ 75 ஹைவேல இறங்கி ப்ளோரிடால ரோடு மாறினா வேலை முடிஞ்சுது. அக்கா சொன்ன மாதிரி என்ன ஆனாலும் கையில ஒரு வண்டி இருக்கும், போர்ட் கராஜ்லயே நிறுத்திக்கலாம்

சுமதி: 😭❤️ இதை நானா கேக்கக்கூடாதுன்னுதான் இருந்தேன்

தீபா: மதினி நீங்க கேக்காமலே ரெண்டு நாளா கேட்டுட்டுதான் இருந்தீங்க 😄

சுமதி: சரி சரி. அப்போ 26 மத்தியானம் ரமேஷ் தீபாவையும் பிள்ளையையும் போர்ட் பக்கத்து ஹோட்டல்ல இறக்கிட்டு தனியா ஏர்போர்ட் வந்து எங்க அஞ்சு பேர கூட்டிட்டு போறான். கவிதா நீங்க மூணு பேர் சாயங்காலம் வர்றீங்க, உங்களுக்கு தனி கார் புக் பண்றேன், ஷேர் கிடையாது. 31ம் தேதி திரும்புறப்ப ப்ளைட்டுக்கு போற எட்டு பேருக்கும் ஒரே தனி வேன். பிரபு உங்க டிக்கெட்ட 26க்கு மாத்துங்க. திரும்புற ப்ளைட் மத்தியானம் ஒரு மணிக்கு மேலதான் இருக்கணும், காலைல கப்பல் கரைக்கு வந்தாலும் இறங்கி பெட்டி எடுத்து இமிகிரேஷன் தாண்டி வரவே நேரம் ஆயிரும்

பிரபு: மாத்தியாச்சு மதினி. ஹோட்டல்ல இருந்து போர்ட்டுக்கு அவங்களே வேன் விடுவாங்களாமே

சுமதி: போன் பண்ணி கேட்டேன், முன்னாடி விட்டாங்களாம், இப்ப ஓட்ட ஆள் இல்லைன்னு நிறுத்திட்டாங்களாம். வெப்சைட்ல மட்டும் இன்னும் வேன் படம் சிரிச்சிட்டு இருக்கு

ரமேஷ்: பத்து நிமிஷ தூரம்தான், நான் ரெண்டு நடை அடிச்சிர்றேன்

கவிதா: அக்கா அந்த கார்ல கார் சீட் தருவாங்களா

சுமதி: தருவேங்கிறான், நம்பாத. ப்ளோரிடால அஞ்சு வயசு வரைக்கும் சட்டப்படி வேணும், நம்ம பூஸ்டரையே ப்ளைட்ல கொண்டு வந்துரு, செக் இன்ல போட காசு கிடையாது

*டிசம்பர் 24*

அப்பா: இனிய காலை வணக்கம் 🌹🙏 பயணம் சிறக்க வாழ்த்துக்கள்

செந்தில்: மாமா நாம இன்னும் வீட்லதான் இருக்கோம் 😄

பிரபு: நியூஸ் பாத்தீங்களா, யுனைடெட் டெல்டா ரெண்டும் இன்னைக்கு நூத்துக்கணக்குல ப்ளைட்ட கேன்சல் பண்ணிட்டாங்க, ஸ்டாஃபுக்கே ஒமிக்ரான்

கவிதா: குட்டிக்கு பிசிஆர் இன்னைக்கு காலைல எடுத்தாச்சு, ரிசல்ட் வரல. நாளைக்கு கிறிஸ்மஸ், லேப் திறந்திருக்குமான்னே தெரியல, வயித்த கலக்குது

சுமதி: வரும்டி. நாங்க நாளைக்கு வீடியோல ஒருத்தர் பாத்துட்டே இருக்க எடுக்குற அந்த பைனாக்ஸ் நவ் கிட் எடுக்கப்போறோம். சும்மா கடைல வாங்கி நாமளா எடுத்தா ஒத்துக்க மாட்டாங்க, வீடியோ உள்ளதா பாத்துக்கோங்க. அப்பா அம்மாவோட கோவாக்சின் சர்டிபிகேட் ரெண்டு பிரிண்ட் எடுத்து வச்சிருக்கேன். நவம்பர் 3ம் தேதி மட்டும் டபிள்யூஎச்ஓ ஓகே சொல்லலைன்னா இவங்க ரெண்டு பேரும் நியூஜெர்சிக்கே வந்திருக்க முடியாது, கப்பல் எங்க

*டிசம்பர் 25*

கவிதா: நெகட்டிவ்!!!! 🥳🥳

சுமதி: எங்க அஞ்சு பேரும் நெகட்டிவ்

தீபா: நாங்களும். வீடியோல வந்த ஆள் பிள்ளை மூக்குல ஆட்டுறது பத்தலைன்னு மூணு தடவ ஆட்ட சொன்னான், அவ இப்ப எங்கிட்ட பேசவே மாட்டேங்கிறா

*டிசம்பர் 26*

ரமேஷ்: ஹோட்டல் வந்தாச்சு. ஒரு காபி குடிச்சிட்டு ஏர்போர்ட் கிளம்புறேன். அக்கா நீங்க ஏ சைடா பி சைடான்னு பாத்து சொல்லுங்க, நான் செல்போன் லாட்ல, அதான் கூப்பிட வந்தவங்க காத்திருக்கிற பார்க்கிங்ல நிக்கிறேன், பெட்டி கைக்கு வந்ததும் போன் அடிங்க

செந்தில்: இறங்கியாச்சு. பெட்டிக்கு வெயிட்டிங்

சுமதி: ஐயோ எல்லாரும் இதப் பாருங்க. கவிதாக்கு போட்ட கார்க்காரன் மெசேஜ் பண்றான், டிரைவருக்கு பாசிட்டிவாம், மாத்து ஆள் இல்லையாம், பணம் திரும்ப வந்துருமாம். சாரி கூட சொல்லல

கவிதா: அக்கா நாங்க இங்க கேட்ல உக்காந்திருக்கோம், எங்க ப்ளைட்டும் லேட்டு, ராத்திரி பத்தரைக்கு மேலதான் வந்து சேருமாம் 😣

பிரபு: டாக்ஸி எடுத்துர்றோம் மதினி, நூறு டாலருக்கு மேல ஆகும், பரவால்ல

ரமேஷ்: மாப்ள ஞாயித்துக்கிழமை ராத்திரி பதினொரு மணிக்கு தூங்குற பிள்ளைய தூக்கிட்டு டாக்ஸி லைன்ல நிக்க வேண்டாம். நான் வரேன்

தீபா: காலைல நாலு மணிக்கு எந்திரிச்சு ஓட்டிட்டு வந்த மனுஷன். இன்னொரு தடவ 90 மைல் போயிட்டு வரதா? விடமாட்டேன்

செந்தில்: சாவிய குடு மாப்ள. நான் ப்ளைட்ல தூங்கிட்டுதான வந்தேன், நான் போறேன். 528ல ஏறினா நேர் ரோடு, ஒரே ரோடு

அப்பா: நானும் வருகிறேன் மாப்பிள்ளை. பேச்சுத்துணை

சுமதி: அப்பா உங்களுக்கு எதுக்கு, படுங்க

அப்பா: எனக்கு இன்னும் இந்திய நேரம் தான் மனதில். தூக்கம் வராது

கவிதா: ஒன்றரை மாசம் ஆச்சேப்பா வந்து 😂

செந்தில்: வரட்டும் சுமதி. முன் சீட் எங்களுக்கு, பின்னாடி அவங்க மூணு பேர், பூஸ்டரும் வச்சுக்கலாம்

கவிதா: *11:20 இரவு* இறங்கிட்டோம், பெட்டி வந்துருச்சு. கீழ டாக்ஸி லைன் பாம்பு மாதிரி நீண்டுகிட்டு போகுது. அத்தான் எங்க இருக்கீங்க

செந்தில்: ரெண்டு நிமிஷம். மாமா ஒர்லாண்டோ சரித்திரம் சொல்லிட்டு வராங்க

சுமதி: நான் படுக்கல. 31ம் தேதி வேனும் அதே கம்பெனிதான், அது நிச்சயமா வரும்னு சொல்றான், எனக்கு நம்பிக்கை இல்ல, கேன்சல் பண்ணிட்டு வேற ஒருத்தர்கிட்ட போட்டுட்டேன், கொஞ்சம் கூடத்தான். போன்ல ஓனரே எடுத்தார், ஓட்டுறதும் அவரேதானாம், அதான் போட்டேன்

*டிசம்பர் 27*

ரமேஷ்: முதல் நடை பெட்டி, அம்மா அப்பா, அக்கா, கவிதா, குட்டி. நமக்கு டெர்மினல் 1, தெற்கு பக்கம், எக்ஸிட் ஏ. பி எடுத்தா வடக்கு டெர்மினலுக்கு கொண்டு போயிரும், சுத்தி வரணும். எனக்கில்ல, யாராவது ஊபர்ல வந்தா சொல்லுங்க. டைம் ஸ்லாட் 12:30, முன்னாடி போனா உள்ள விட மாட்டாங்க

பிரபு: நாங்க அஞ்சு பேர் ஹோட்டல் வாசல்ல ரெடி

கவிதா: குட்டிக்கு டெஸ்ட் எடுத்துட்டாங்க. ஒரு ரூம்ல உக்கார வச்சிருக்காங்க. யாரும் போன் பண்ணாதீங்க

அம்மா: 🎤 வாய்ஸ் மெசேஜ் (0:08)

தீபா: அத்தை முருகா முருகான்னு மட்டும்தான் சொல்றாங்க

கவிதா: நெகட்டிவ். ஏறப்போறோம் 😭😭😭

ரமேஷ்: வண்டிய கராஜ்ல போட்டாச்சு. நாலாவது மாடி, போட்டோ போடுறேன், எனக்கு மறந்துரும் யாராவது சேவ் பண்ணி வைங்க

*டிசம்பர் 30*

செந்தில்: கப்பல் வைஃபைல நியூஸ் பாத்தேன், சிடிசி, அதான் அமெரிக்க நோய்த் தடுப்பு மையம், இன்னைக்கு குரூஸ் எச்சரிக்கைய லெவல் 4 ஆக்கிட்டான். ஊசி போட்டிருந்தாலும் கப்பல்ல போகாதீங்கன்னு சொல்றான்

ரமேஷ்: நாளைக்கு இறங்கப்போறோம், இப்ப சொல்றான்

சுமதி: அம்மாகிட்ட யாரும் சொல்லிறாதீங்க, எட்டாவது மாடில டான்ஸ் பாத்துட்டு இருக்காங்க

*டிசம்பர் 31*

சுமதி: வேன்காரர் வெளிய வந்து நிக்கிறார், ஜன்னல் எல்லாம் தொறந்து வச்சிருக்கார், மாஸ்க் ஒழுங்கா போட்டிருக்கார், நல்ல மனுஷன். பக்கத்துல ஊபர் தேடிட்டு நிக்கிற கூட்டத்த பாருங்க. செந்தில் சொன்னது சரியாப் போச்சு

ரமேஷ்: நாங்க கராஜ்ல இருந்து கிளம்புறோம், அட்லாண்டா போய் மெசேஜ் பண்றேன். அம்மாவோட ஸ்வெட்டர் எங்க வண்டில இருக்கு

சுமதி: கவிதா, பிரபு, வேன் காசு எட்டா பிரிச்சு உங்களோட மூணு பங்க எனக்கு வென்மோ பண்ணுங்க. டிப்ஸ் நான் குடுத்துட்டேன். ரமேஷ் பெட்ரோலும் பார்க்கிங்கும் எவ்ளோன்னு சொல்லு, சொல்லாம விட்ராத

ரமேஷ்: அதெல்லாம் வேண்டாம்க்கா

தீபா: மதினி நான் சொல்றேன், பில் எல்லாம் எங்கிட்டதான் இருக்கு 😄